கடலோர வாசகர்கள் கவனத்துக்கு

டிக், டிக், டிக். கொல்லைப்புறத்தில் யாரோ பல்லைக் கடிப்பதுபோல் ஒரு சத்தம்.

விளக்கு வைத்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. ஆஷ்லின் கைக்குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, மறுகையில் தோசைக்கரண்டியை எடுத்தாள். பின்கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு. உப்புக்காற்றில் துருவேறி, மழைக்காலத்திலிருந்தே அசைய மறுக்கிறது. கதவைப் பிடித்துக்கொண்டிருந்தது அரிசி டிரம்தான். அப்பால் உப்பளம், அதற்கும் அப்பால் கடல்.

"யாரது?"

"நான்தான். வீல் சத்தம் கேக்குதா? இப்படிக் கேட்டாதான் நல்ல வீலாம். புக்குல போட்டிருக்கான்."

புருஷன் ஆரோக்கிய பிரபு. சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, பெற்ற பிள்ளை பேசக் கேட்டவன்போல் நின்றிருந்தான்.

உப்புக் கம்பெனி ஆபீசில் வேலை. இடையஞ்சாவடி பழைய பேப்பர் கடையில் வெள்ளைக்காரர்கள் போட்டுவிட்டுப் போன சைக்கிள் பத்திரிகைகளைக் கட்டாக வாங்கி வந்ததிலிருந்து ஆள் மாறிவிட்டான். பெடலுக்கென்று ஒரு ஷூ, ஷூவுக்கென்று ஒரு சாக்ஸ், உட்காரும் இடத்தில் மெத்தை வைத்த டவுசர். இருட்டியதும் ஈசிஆர் ரோட்டில் ஒரு சுற்று. அந்த இங்கிலீஷ் அவனுக்குப் பாதிதான் ஏறும். மீதியைக் கான்வென்ட்டில் படித்த ஆஷ்லின் வாசித்துச் சொல்ல வேண்டும்.

"ஏங்க, அந்தத் தாழ்ப்பாளைக் கொஞ்சம்..."

"ஞாயித்துக்கெழம பாக்கறேன்."

"எந்த மாசத்து ஞாயிறு?"

"யாருடி வரப்போறா? உப்பை அள்ளிக்கிட்டுப் போகவா?"

போன வாரம் அவன் ஈசிஆரில் இருந்தபோது, கொல்லையில் வந்த காலடி கதவருகே நின்றது. நாய் விடாமல் குரைத்தது. அவன் திரும்பும்வரை அவள் டிரம்மில் முதுகைச் சாய்த்து, குழந்தையின் வாயைப் பாலால் அடைத்தபடி உட்கார்ந்திருந்தாள். சொன்னபோது, "மாடா இருக்கும்," என்றான்.

அவனுக்கு அதைவிடப் பெரிய கவலை இருந்தது. புத்தகத்தை நம்பிச் செயினுக்கு மெழுகு தடவியிருந்தான். செயின் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. ஆஷ்லினுக்குப் புத்தகத்தின் மேல் கோபமில்லை. அதில் பொய் எதுவும் இல்லை, இந்த ஊர்தான் இல்லை. எழுதியவனுக்குப் பனி தெரியும், சேறு தெரியும். காற்றே உப்பாக வீசும் இடத்தில் ஒருத்தன் அதைப் படித்துக்கொண்டிருப்பான் என்று அவன் கனவா கண்டான்?

மறுநாள் பிரபு பாண்டியிலிருந்து ஒரு புது எண்ணெய் வாங்கி வந்தான்.

"ஆஷ்லி, கடலோரத்துக்கு இது ஒத்துக்குமான்னு புக்குல பாரு."

பார்த்தாள். புரட்டினாள். ஒரு வரி இல்லை. குழந்தையைப் பார்த்தாள். டிரம்மைப் பார்த்தாள்.

"இருக்குதுங்க. 'கடலோர வாசகர்கள் கவனத்துக்கு'ன்னு தனியாவே போட்டிருக்கான்."

"படி, படி."

"'புது எண்ணெயை நேரா செயின்ல விடாதீங்க. வீட்டுல இறுகிப்போன பழைய இரும்புல விட்டுப் பாருங்க. அது அசைஞ்சா எண்ணெய் நல்லது.'"

"என்ன இரும்பு?"

"'உதாரணமா, பின்கதவுத் தாழ்ப்பாள்.'"

"முன்கதவு ஆகாதாமா?"

"பின்கதவுன்னுதான் இருக்குது." அவள் நிமிரவில்லை. சிஸ்டர்கள் பிரம்பு தேயச் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ். இந்தப் பொய்யைச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்ளலாம்.

அவனை அப்படி வேலை செய்து அவள் பார்த்ததில்லை. டிரம்மை நகர்த்தினான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். பழைய டூத்பிரஷ்ஷால் சந்து சந்தாகச் சுரண்டி, எண்ணெயைத் தீர்த்தம்போலச் சொட்டுச் சொட்டாக விட்டான். கடைசியில் தாழ்ப்பாள் முனகிக்கொண்டு அசைந்தது. பிறகு முனகாமலே ஓடியது.

"பாத்தியா? புக்கு படிக்கறது வேஸ்ட்டுன்ன."

"தப்புதாங்க. சில பக்கம் நல்லா உதவுது."

எண்ணெயையும் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு கொல்லை விளக்கடியில் செயினுக்குப் போனான். ஆஷ்லின் கதவைச் சாத்தினாள். பிறகு மூடிய கதவுக்கு வெளியே குரல் கேட்டது.

"ஆஷ்லி, நீ படிச்ச பக்கத்துல பனிக்குப் போடற கையுறைதானே இருக்குது. கடலோரம் எங்கடி?"

"உங்க முதுகுக்குப் பின்னாலதாங்க. சோறு ஆறுது, முன்வாசல் வழியா வாங்க," என்று சொல்லிவிட்டு, ஆஷ்லின் ஒற்றை விரலால் தாழ்ப்பாளைத் தள்ளிப் போட்டாள்.