பாகற்காய் நிறத்து மணப்பெண்

"பொண்ணு மூஞ்சி பாகற்காய் மாதிரி இருக்குங்கறேன், நீங்க என்னடான்னா டிசைன் பிடிச்சிருக்கான்னு கேக்கறேளே!"

ஸ்ரீரங்கத்திலிருந்து ரங்கநாயகி மாமி போனில் பொரிந்துகொண்டிருந்தார். காட்டூரில் தன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து கல்யாண ஆல்பம் டிசைன் செய்யும் நவநீதன், திரையை உற்றுப் பார்த்தான். மாமியின் மகள், ஆண்டாள் கொண்டையும் அரக்குக் கூறைப்புடவையுமாக ஊஞ்சலில் சிரித்துக்கொண்டிருந்தாள். முகம் முகம் மாதிரிதான் இருந்தது.

"மாமி, எனக்கு இங்க சரியாத்தான் தெரியுது. உங்க போன்ல ஏதாவது..."

"என் போன், அவர் போன், எதிராத்து மாமி போன், எல்லாத்துலயும் பார்த்தாச்சு. எல்லாத்துலயும் பாகற்காய்தான். வெள்ளிக்கிழமை கொழந்தைகள் ஃபிளைட் ஏறிடுவா. அதுக்குள்ள ஆல்பம் கைக்கு வந்தாகணும், ஆமா."

போனை வைத்தபின் நவநீதன் யோசித்தான். பார்க்கிறவர்களுக்கெல்லாம் பச்சை. தனக்கு மட்டும் சரி. அப்படியென்றால் தன் திரைதான் பொய் சொல்கிறது. இந்த முடிவுக்கு வர அவனுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

அது சாதாரணக் கம்ப்யூட்டர் இல்லை. அசல் மேக் வாங்கக் கட்டுப்படியாகாமல், போர்டு, கிராஃபிக்ஸ் கார்டு, டப்பா என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, அதற்குள் மேக்கின் மென்பொருளை மல்லுக்கட்டி ஏற்றி, அவன் தன் கையால் உருவாக்கிய ஹேக்கின்டோஷ். முதல் தடவை திரையில் வெளிச்சம் வந்த அன்று தெருவுக்கே கேசரி கொடுத்தான். அந்த மிஷினுக்கு ஒரு குணம் உண்டு. தொட்டால் கோபித்துக்கொள்ளும். தொடாமல் விட்டால் ஓடும்.

இதே குணம் அனுசுயாவுக்கும் உண்டு என்று அவன் நினைத்திருந்தான். அவனுடைய மனைவி அனுசுயா. போன் எடுப்பது, பார்ட்டிக்கு சாம்பிள் அனுப்புவது எல்லாம் அவள் வேலை. மற்ற நேரத்தில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்குவாள். "எப்படி இருக்கு?" என்று கேட்டால், "நல்லாருக்குங்க" என்பாள். எதைக் காட்டினாலும் நல்லாருக்குங்க.

போன ஞாயிற்றுக்கிழமை அதற்குத்தான் அவனுக்கு எரிச்சல் வந்தது.

"எல்லாத்துக்கும் நல்லாருக்குங்கற. உனக்குக் கலரைப் பத்தி என்ன தெரியும்?"

அனுசுயா முதலில் சிரித்துவிட்டாள். வாய்விட்டே சிரித்தாள். பிறகு, அவன் நிஜமாகவே கேட்கிறான் என்று தெரிந்ததும் அந்தச் சிரிப்பு கண்ணுக்கு ஏறித் தண்ணீராகிவிட்டது.

"ஆமா, எனக்கு என்ன தெரியும்? எல்லாம் உங்க மிஷினுக்குத்தான் தெரியும். சோறும் அதுவே வடிக்கட்டும்."

பையை எடுத்துக்கொண்டு மருங்காபுரிக்கு, அக்கா வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள். அவன் போன் செய்யவில்லை. அவளும் செய்யவில்லை.

இப்போது அவளைக் கூப்பிட்டால் தோற்றது போல ஆகிவிடும். மிஷினைச் சரிசெய்து, ஆல்பத்தை அனுப்பி, அதற்கப்புறம் பெருந்தன்மையாகக் கூப்பிட வேண்டும். நவநீதன் திரையின் கலர் செட்டிங்கைத் திறந்தான். இருந்ததை அழித்தான், புதிதாக ஒன்றைப் போட்டான், கண்ணுக்கு இதமாக வரும்வரை நகர்த்தினான். அந்தத் திரையைப் பார்த்துப் படங்களின் கலரையும் திருத்தி, புது சாம்பிளை மாமிக்கு அனுப்பினான்.

மாமி உடனே கூப்பிட்டார். "பொண்ணு இப்போ பச்சையா இல்லை."

"அப்பாடா."

"கத்திரிக்காய் கலர்ல இருக்கா. மாப்பிள்ளை பாகற்காயாயிட்டார். நீங்க ஆல்பம் போடறேளா, காந்தி மார்க்கெட்ல கடை போடறேளா?"

அவன் சிவசங்கருக்குப் போன் போட்டான். மிஷினின் பாகங்களை விற்றவன் அவன்தான்.

"டேய், இந்த மாதிரி மிஷின்ல அது வழக்கமான கோளாறுதான்டா. உன் மானிட்டரை அது டிவின்னு நினைச்சுக்கிட்டு கலரை மாத்தி அனுப்பும். கான்ஃபிக் ஃபைல்ல ரெண்டு வரி மாத்தணும்" என்றான் சிவசங்கர். "பாத்துச் செய். நம்ம மிஷின் சொந்தக்காரன் மாதிரி. ஒண்ணைக் கேட்டா இன்னொண்ணுக்குக் கோவிச்சுக்கும்."

நவநீதன் இரண்டு வரி மாற்றினான். மிஷினை அணைத்துப் போட்டதும் எழுத்தெல்லாம் போஸ்டர் அளவுக்கு வந்து நின்றது. திரையில் மணப்பெண்ணின் மூக்கு மட்டும்தான் கொண்டது. அதைச் சரிசெய்ய இன்னொரு வரி மாற்றினான். எழுத்து சிறியதாயிற்று. எவ்வளவு சிறியதென்றால், அதைப் பெரிதாக்கும் பொத்தானைக் கண்டுபிடிக்க பூதக்கண்ணாடி தேட வேண்டியிருந்தது. அந்தக் கண்ணாடி அனுசுயா வைத்த இடத்தில் இருந்தது. அவள் எங்கே வைப்பாள் என்று அவனுக்குத் தெரியாது.

மூன்றாவது வரியை மாற்றியதும் திரை இருட்டிவிட்டது.

அந்த இருட்டில் அவன் முகம் தெரிந்தது. பக்கத்தில் காலி நாற்காலியும் தெரிந்தது. அவள் பீன்ஸ் நறுக்கும் சத்தம் இல்லாத அந்த அறை, வேறு யாருடைய அறை மாதிரியோ இருந்தது. மிஷின் ஓடும்போது கேட்காத மௌனம், நின்றதும் கேட்டது.

பசித்தது. ரசம் வைத்தான். தக்காளிக் கடைக்காரன் பாதிக்குப் பாதி காயாகத் தள்ளிவிட்டிருந்தான் போல, ரசம் வாயில் வைக்க முடியாதபடி துவர்த்தது. அனுசுயா கூட வந்தால் அந்தக் கடைக்காரன் ஒருநாளும் இப்படி ஏமாற்றுவதில்லை. ஆளைப் பார்த்து ஏமாற்றுகிறான்.

பழைய பென்டிரைவைத் தேடி எடுத்து, மிஷினைத் தட்டி எழுப்பி, எல்லாவற்றையும் முன்பிருந்தபடியே கொண்டுவந்து நிறுத்தினான். பெண் மறுபடி ஊஞ்சலில் சிரித்தாள். முகம் முகம் மாதிரியே இருந்தது. மாமிக்கு இனி எதையும் காட்டுவதில்லை என்று முடிவு செய்து, ஃபைலை நேராக மன்னார்புரத்தில் இருக்கும் ஹனீஃபாவின் பிரிண்டிங் லேபுக்கு அனுப்பிவிட்டுக் கூப்பிட்டான்.

"பாய், ஃபைல் வந்திருச்சா? பிரிண்ட் போட்டுடுங்க."

"வந்திருச்சு தம்பி." ஹனீஃபா தயங்கினார். "தங்கச்சி ஊருல இருக்கா?"

"இல்ல பாய், மருங்காபுரி போயிருக்கு."

"எப்ப வருது?"

"தெரியல. நீங்க போடுங்க."

"தங்கச்சி வந்ததும் போட்டுக்கலாமே? என்ன அவசரம்?"

"பாய், மாமி என்னை உப்புக்கண்டம் போட்டுடும்! போடுங்க."

"சரி, ரெண்டு ஷீட் மட்டும் போட்டு வைக்கிறேன். நேர்ல வந்து பாருங்க" என்றார் ஹனீஃபா. வைப்பதற்கு முன், "தங்கச்சி போன் நம்பர் அதேதானே?" என்று கேட்டுக்கொண்டார்.

இந்த மனுஷனுக்கு ஏன் இவ்வளவு விசாரணை என்று நவநீதன் நினைத்தான். வெளியே கிளம்பினால் எப்போதும் போடும் காப்பிப்பொடி நிறச் சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தான்.

லேபில் ஹனீஃபா இரண்டு ஷீட்டையும் மேஜைமேல் விரித்து வைத்திருந்தார். பைண்டிங் போடுகிற வீரமலை அதை எட்டிப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனான்.

"எப்படி தம்பி இருக்கு?"

நவநீதன் குனிந்து பார்த்தான். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். அவன் மனம் லேசாயிற்று.

"பளிச்சுனு இருக்கு பாய்! அப்படியே இருக்கு. நம்ம மிஷின்ல ஒரு குறையும் இல்ல. மாமிக்குத்தான் கண்ணு சரியில்ல."

ஹனீஃபா அவன் போட்டிருந்த ஆல்பம் ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்தார். போன வருஷம் இதே ஸ்ரீரங்கத்தில் நடந்த கல்யாணம். அந்தப் பெண்ணுக்கும் அதே அரக்குக் கூறைதான். ஷீட்டுக்குப் பக்கத்தில் அதை விரித்து வைத்தார்.

"ரெண்டும் ஒண்ணா?"

"ஒண்ணுதானே? ரெண்டும் நான் பண்ணதுதானே பாய்?"

"உக்காருங்க தம்பி" என்றார் ஹனீஃபா. "டீ சொல்றேன். முதல்ல தங்கச்சிக்கு ஒரு போன் போடுங்க."

"அவ எதுக்கு இப்ப?"

"போடுங்கங்கறேன்ல."

காலையிலிருந்து அதைத்தான் யாராவது சொல்ல வேண்டும் என்று காத்திருந்தவன் மாதிரி அவன் உடனே போட்டான். ஒரே மணியில் எடுத்தாள். பின்னால் பஸ் சத்தம்.

"அனு... மிஷின் ரொம்பப் படுத்திருச்சு. அன்னைக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. உனக்குத் தெரியாதுன்னு சொன்னது தப்பு. நீ பக்கத்துல இல்லாம எதுவும் சரியா வர மாட்டேங்குது. வந்துடு."

பஸ் சத்தத்தை மீறி அவள் கேட்டாள்.

"சாப்டீங்களா?"

"ரசம் வச்சேன். வாயில வைக்க முடியல."

"தக்காளி நீங்களா வாங்கினீங்க?" என்றாள். குரலில் சிரிப்பும் அழுகையும் கலந்திருந்தன. "விராலிமலை தாண்டிட்டேங்க. பஞ்சப்பூர்ல இறங்கி நேரா லேபுக்கு வரேன். அந்தப் பச்சைச் சட்டையை மாட்டிக்கிட்டு வேற எங்கயும் போய்டாதீங்க, அங்கயே இருங்க."

போன் வைத்துவிட்டாள். நவநீதன் தன் சட்டையைக் குனிந்து பார்த்தான். காப்பிப்பொடிதான். பிறகு ஹனீஃபாவைப் பார்த்தான்.

"பாய், நான் லேப்ல இருக்கேன்னு அவகிட்ட நான் சொல்லவே இல்லையே. எப்படித் தெரியும்? இந்தக் காப்பிப்பொடிச் சட்டையைப் பச்சைங்கறா வேற!"

ஹனீஃபா டீ டம்ளரை அவன் கையில் கொடுத்து, அவன் பிடித்துக்கொண்டானா என்று பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நான்தான் போன் பண்ணிச் சொன்னேன். இன்னொரு விஷயத்தைச் சொல்லக் கூடாதுன்னு தங்கச்சி என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கு தம்பி, ஆனா இனிமே முடியாது. நீங்க ஒவ்வொரு ஆல்பமும் அனுப்பினப்புறம், அதையே கலரைச் சரிபண்ணி தங்கச்சி இன்னொண்ணு அனுப்பும். இத்தனை வருஷத்துல உங்க ஃபைலை நான் பிரிண்ட் போட்டது இதுதான் முதல் தடவை."