பணியிடம் ஒன்று, குங்குமப் பொட்டலம் ஒன்று

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பழைய காகிதங்களையும் போட்டோக்களையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்வதற்காக மாதாமாதம் சம்பளம் வாங்குகிற நான், இந்தத் துறைக்குள் காலெடுத்து வைத்த அன்று செய்த முதல் காரியம், நூறு வருடத்தை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு போட்டோவைப் பாழாக்கியதுதான்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. நூலக அறிவியலில் முதுகலை, அதற்கு மேல் ஆவணக் காப்பியலில் ஒரு டிப்ளமா. இந்த இரண்டாவது படிப்பு எதற்கென்று எங்கள் ஊரான கீழ்க்கட்டளையில் ஒருவருக்கும் விளங்கவில்லை. நாங்கள் பழைய ஊர்க்காரக் குடும்பம். ஒரு காலத்தில் நெல் விளைந்த இடத்தில் இப்போது அப்பாவின் ஹார்டுவேர் கடையும் மூன்று வாடகை வீடுகளும் விளைந்திருக்கின்றன. எங்கள் வீட்டைப் பொறுத்தவரை பழைய காகிதம் இரண்டே வகை. ஒன்று பத்திரம், அது பீரோவுக்கு. மற்றதெல்லாம் பேப்பர்காரருக்கு.

"பழைய பேப்பர அடுக்கறதுக்கு ஒரு படிப்பு, அதுக்கு ஒரு பரீட்சை. நம்ம பேப்பர்காரன் எந்தக் காலேஜ்ல படிச்சான்?" என்பார் அப்பா. (அந்தப் பேப்பர்காரர் அப்போது என்னைவிட நன்றாகவே சம்பாதித்துக்கொண்டிருந்தார் என்பதால் நான் வாயைத் திறப்பதில்லை.)

பெருங்களத்தூரைத் தாண்டி இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தின் அறிவிப்பு வந்தது. பேராசிரியர்கள் இத்தனை, கணினிப் பிரிவுக்கு இத்தனை என்று நீளமாகப் போய்க் கடைசி வரியில், 'ஆவணக் காப்பாளர், நூலகம்: பணியிடம் ஒன்று' என்றிருந்தது. தென்சென்னை முழுவதும் சல்லடை போட்டுத் தேடி இரண்டு வருடத்தில் நான் பார்த்த ஒரே பணியிடம் அதுதான். அப்பா கெடு வைத்தார். இது கிடைக்காவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து மேடவாக்கத்தில் பெரியப்பாவின் பிளாட் புரமோட்டர் ஆபீசில் உட்கார வேண்டும். எனக்கோ யாருடைய பழைய கடிதத்தைப் பார்த்தாலும் பசி மறந்துபோகும். அந்த வேலை எனக்கு உயிராக வேண்டியிருந்தது.

நேர்முகத் தேர்வு ஆயுத பூஜை விடுமுறைக்கு முந்தின நாள். காலையில் ஃபைலை எடுத்தால், உள்ளே சான்றிதழ்கள் ஈரமாக இருந்தன. அம்மா அத்தனையிலும் நான்கு மூலைக்கும் மஞ்சள் தடவி வைத்திருந்தார். எங்கள் வீட்டில் பத்திரம் பதியப் போவதற்கு முன்னால் செய்கிற வழக்கம் அது.

"அம்மா, இது ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டு."

"ஒரிஜினலுக்குத் தாண்டி வைக்கணும். ஜெராக்ஸுக்கு வச்சா சாமிக்கு எப்படித் தெரியும்? நம்ம வூட்ல மஞ்சா வைக்காத பத்திரம் எது நின்னுகீது, சொல்லு."

அத்தோடு விடவில்லை. முந்தின நாள் திருநீர்மலைப் பெருமாள் கோயிலுக்குப் போய்த் தாயார் சன்னதியில் வாங்கி வந்த குங்குமத்தை ஒரு சின்னக் காகிதப் பொட்டலமாக மடித்து என் வலது கையில் திணித்தார். "இத்த கைக்குள்ளவே வச்சிக்கோ. கேள்வி கேக்கறப்ப இறுக்கிப் புடிச்சிக்கோ. வெளிய வர்ற வரைக்கும் வுட்டுடாத."

ஆவணக் காப்பியல் படித்தவள் அதை அங்கேயே பைக்குள் போட்டிருக்க வேண்டும். நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வேலை இல்லாத காலத்தில் மனுஷிக்கு எந்தக் கொள்கையும் நிற்காது.

பெருங்களத்தூரில் பாதித் தமிழ்நாடு ஊருக்குப் போக நின்றுகொண்டிருந்தது. ஷேர் ஆட்டோவில் நாற்பது நிமிடம் வெந்து, பல்கலைக்கழகத்தில் இறங்கியபோது உள்ளங்கை கசகசவென்றிருந்தது. எதிரே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் தலைமை நூலகர் அம்மையார். மற்றவர் தாளாளர், பல்கலைக்கழகத்தை நிறுவியவரின் மகன், எழுபது வயதிருக்கும், வெள்ளைச் சட்டை.

நூலகர் என் சான்றிதழை விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். "இது என்ன கறை? பூஞ்சையா?"

"மஞ்சள், மேடம். இயற்கையான பூச்சிக்கொல்லி. நம் முன்னோர் ஓலைச்சுவடிக்கே மஞ்சள் பூசித்தான் பாதுகாத்தார்கள்" என்று ஆரம்பித்து, அம்மாவின் பக்திக்கு அரை நிமிடத்தில் விஞ்ஞான முலாம் பூசிவிட்டேன்.

"பூச்சி வராது, சரி. மொத்த மதிப்பெண் தெரியலையேம்மா" என்றார் அவர். அது கீழ் மூலையில் இருந்தது.

ஆனாலும் நான் அசரவில்லை. கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும் என்று யூடியூபில் ஒருவர் சொல்லியிருந்தார். அதனால் அவர்கள் கண்ணைவிட்டு என் கண் நகரவே இல்லை. குறிப்பாக, என் கைப்பக்கம் போகவே இல்லை. ஆவணக் காப்பாளருக்கு முக்கியமான குணம் எது என்று தாளாளர் கேட்டார். "உள்ளதை உள்ளபடி எழுதுவது, சார். நிலை மோசமென்றால் மோசம் என்றே பதிய வேண்டும். பொய் எழுதுகிற காப்பாளரைவிடக் கரையான் மேல்" என்றேன். அவர் லேசாகத் தலையசைத்தார். எனக்கு அந்த நாற்காலியிலேயே சிறகு முளைத்தது.

அடுத்தது செய்முறைத் தேர்வு. பக்கத்து அறை மேசையில் ஐந்து பொருட்கள். ஒவ்வொன்றின் நிலையையும் பென்சிலால் ஒரு வரியில் எழுத வேண்டும். நான் நூலகரின் கண்ணைப் பார்த்தபடியே பொட்டலத்தைப் பைக்குள் போட்டுவிட்டு, வெள்ளைப் பருத்திக் கையுறைகளைக் கம்பீரமாக மாட்டிக்கொண்டேன். (இடது உறைமேல் ஐந்து சிவப்பு விரல்தடம் இருந்ததை நூலகர் பார்த்தாராம். பழைய கறை என்று நினைத்தாராம்.) அவருக்கு போன் வந்தது; வெளியே போனார். தாளாளர் ஜன்னலோரம் செய்தித்தாளில் மூழ்கினார்.

மூன்றாவது பொருள், நிறுவனரின் இளவயதுப் போட்டோ. மீசை, விறைப்பான கழுத்து, பளிச்சென்று வெறும் நெற்றி. அவர் சாமி கும்பிடாதவர், பொட்டு, விபூதி எதையும் நெற்றியில் அண்டவிடாதவர் என்று பல்கலைக்கழகக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். அந்த நெற்றியில் ஒரு தூசி. மெல்லிய தூரிகை பக்கத்திலேயே இருந்தது. நிபுணருக்குத் தூரிகை எதற்கு? கட்டைவிரலால் அதை ஒற்றியெடுத்தேன்.

தூசி போய்விட்டது. அது இருந்த இடத்தில், புருவங்களுக்கு நடுவில், அளவெடுத்தாற்போல ஒரு குங்குமப் பொட்டு.

அப்போதுதான் விரலைப் பார்த்தேன். வேர்வையில் பொட்டலம் கரைந்து, கையும் சிவந்து, அந்தச் சிவப்பு கையுறையையும் தாண்டி வந்திருந்தது.  படித்த அத்தனையும் 'தொடாதே' என்று கத்த, பதற்றத்தில் பொட்டை மேல்நோக்கி ஒரு தேய்ப்புத் தேய்த்தேன். பொட்டு கோடாக நீண்டது. திருநீர்மலை அர்ச்சகர் நெற்றியில் நடுவே ஒரு சிவப்புக் கோடு இருக்குமே, அதே நீளம், அதே நேர்த்தி.

யாரும் பார்க்கவில்லை. 'பழைய கறை' என்று இரண்டு வார்த்தை எழுதினால் வேலை என்னுடையது. பென்சிலை எடுத்தேன். ஆனால் கால்மணி நேரத்துக்கு முன்தான் கரையானை உதாரணம் காட்டிப் பேசியிருந்தேன். போதாததற்கு வலது கையின் ஐந்து விரலும் சிவந்து சாட்சி சொல்லிக்கொண்டிருந்தன.  எழுதினேன்: 'போட்டோ ஒன்று. நிலை: முன்பு நன்று. நெற்றியில் குங்குமக் கறை, புதியது. காரணம்: விண்ணப்பதாரர்.'

அதற்குப் பின் என்ன செய்வதென்று தெரியாமல், "சார், கொஞ்சம் வாங்க" என்றேன்.

தாளாளர் வந்து பட்டியலைப் படித்தார். போட்டோவைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். உள்ளே வந்த நூலகர் வாயைப் பொத்திக்கொண்டார். தாளாளரின் தோள் குலுங்கியது. தன் அப்பாவை நினைத்து அழுகிறார் என்று எண்ணி, மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எங்கம்மா நாப்பது வருஷம் கெஞ்சிப் பாத்தாங்க. எங்கப்பா ஒரு தடவ கூட நெத்தியக் காட்டல. நீங்க ரெண்டு நிமிஷத்துல முடிச்சிட்டீங்களேம்மா" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நூலகரிடம் கேட்டார்: "இத எடுத்துட முடியுமா?"

"நிபுணர்கிட்ட குடுக்கணும் சார்."

"நிபுணர்கிட்டதான குடுத்தோம்" என்றார் அவர். பிறகு என்னிடம், "நீங்க போகலாம்மா."

திங்கட்கிழமை பெரியப்பா ஆபீசில் உட்கார்ந்து, இரண்டு படுக்கையறை பிளாட்டுகளின் விளம்பரத்தைத் தட்டச்சு செய்தேன். நடந்ததை வீட்டில் மறைக்கலாம் என்று பார்த்தேன். அம்மா என் கையைப் பார்த்தே கறந்துவிட்டார். தேர்வு நாள் இரவுக்குள்ளேயே கீழ்க்கட்டளை முழுக்கத் தெரிந்துவிட்டது.

மூன்று வாரம் கழித்து நூலகர் கூப்பிட்டார். "முதல் இடத்துல வந்தவர் வேற ஊர்ல சேந்துட்டார். நீங்க ரெண்டாவது. எப்ப சேருவீங்க?"

"மொத்தம் எத்தனை பேர் மேடம் வந்திருந்தாங்க?"

"ரெண்டு பேர்." உடனே தொடர்ந்தார். "ஆனா, வேற ஆளத் தேடலாம்னு நான் சொன்னப்ப, உங்க பட்டியல்ல மூணாவது வரியத்தான் தாளாளர் சார் திரும்பப் படிக்கச் சொன்னார். வரும்போது கையக் கழுவிட்டு வாங்க."

போனை வைத்துவிட்டுக் குதித்தேன். அம்மா ஆச்சரியமே படவில்லை. "நான்தான் சொன்னேனே, கையிலயே வச்சிக்கன்னு" என்றார். வேலை வாங்கித் தந்தது அந்தப் பொட்டலம்தான் என்று இன்றுவரை சாதிக்கிறார். மறுக்க என்னிடம் ஆவணம் எதுவும் இல்லை. போட்டோவை நிபுணர் ஒருவர் சுத்தம் செய்து தந்தார். உற்றுப் பார்த்தால் புருவ நடுவில் ஒரு மங்கலான நிழல் தெரியும். ஆவண அறை வாசலில் கை கழுவும் தொட்டி வைத்தது என் முதல் நிர்வாகச் சீர்திருத்தம்.

போன மாதம் தம்பி கல்யாணம், தாம்பரத்தில். குடும்பப் போட்டோவுக்கு எல்லாரும் மேடையில் வரிசையாக நின்றார்கள். "அக்கா, கொஞ்சம் உள்ள தள்ளி நில்லுங்க" என்றார் போட்டோக்காரர். நான் ஓரடி நகர்ந்தேன். அப்பா, பெரியப்பா, மாப்பிள்ளைக் கோலத்தில் தம்பி, கதையை முந்தின இரவுதான் கேட்டிருந்த புதுப்பெண் உட்பட அத்தனை பேர் கையும் ஒரே நேரத்தில் நெற்றிக்குப் போனது. போட்டோக்காரர் பழக்கதோஷத்தில் அமுக்கிவிட்டார்.

அந்தப் படத்தையும் எண் போட்டுப் பதிந்து வைத்திருக்கிறேன். 'குடும்பப் போட்டோ ஒன்று. நிலை: நன்று. பதினொரு பேர். பத்துப் பேர் நெற்றி தெரியவில்லை. காரணம்: காப்பாளர்.'