மூன்று சுவர்க் கூடாரம்

கூடாரத்துக்கு நாலாவது சுவர் இல்லை என்பதை முதலில் கண்டுபிடித்தது கமலினிதான்.

"அப்பா, இந்தப் பக்கம் ஒண்டும் இல்லை."

"இருக்கும். வடிவாப் பார்."

"பாத்திட்டன். கடல்தான் இருக்கு."

நித்தியானந்தன் சுற்றி வந்து பார்த்தார். பிள்ளை சொன்னது சரிதான். முன்னால் சுவர், இடப்பக்கம் சுவர், வலப்பக்கம் சுவர். பின்னால் லேக்ஸ் என்ட்ரன்ஸ் கடற்கரை. கன்வஸ் பையைத் தலைகீழாகப் பிடித்து உதறினார். இரண்டு முளையும் ஒரு செத்த சிலந்தியும் விழுந்தன.

"காத்து வரட்டும் எண்டு விட்டிருப்பினம்," என்றார்.

"காத்து வரட்டும். கப்பலிலை போறவை எல்லாம் நான் நித்திரை கொள்ளுறதைப் பாக்கவோ?" என்று கேட்டாள் விமலாதேவி. அவள் மண்ணெண்ணெய் அடுப்பில் சோற்றுப் பானையை ஏற்றிவிட்டு, இடுப்பில் கைவைத்து நின்றாள். அந்த நிற்பு வீட்டில் எல்லோருக்கும் பழக்கமான நிற்பு.

கூடாரம் இரவல். பக்கத்து வீட்டு லெஸ் அங்கிளுடையது. டண்டினொங்கில் அவர்கள் குடிவந்து இரண்டு வருடம் ஆகியும், லெஸ் ஒருவர்தான் வேலிக்கு மேலால் தலையை நீட்டிப் பேசுகிறவர். போன கிழமை அப்படித்தான் தலையை நீட்டினார். பேசியது இங்கிலீசில், கதைக்குத் தமிழே போதும்.

"நித்தி, மனைவிக்கு முழங்கால் சரியில்லை, இந்த வருடம் நாங்கள் எங்கும் போகவில்லை. மகள் வீட்டுக்குத்தான் போகிறோம். எங்கள் கேம்பிங் சாமான் எல்லாம் பின் கொட்டகையில் சும்மா கிடக்கிறது. இந்தா திறப்பு. கூச்சப்படாமல் எடுத்துக்கொண்டு போங்கள்."

சொல்லிவிட்டு, நித்தியானந்தன் புதிதாக வாங்கிய பழைய ஹோல்டன் காரின் பின்புறத்தை எட்டிப் பார்த்தார். பம்பருக்குக் கீழே உருண்டையாக ஓர் இரும்புக் குமிழ் துருத்திக்கொண்டிருந்தது. எதற்கென்று தெரியாது, வாங்கின நாளிலிருந்து நித்தியானந்தனின் முழங்காலில் மூன்று தரம் இடித்திருந்தது. லெஸ் அதைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.

திறப்பு வளையத்தில் இரண்டு திறப்புகள். பெரியது கொட்டகையைத் திறந்தது. உள்ளே, கதவுக்குப் பக்கத்திலேயே கன்வஸ் பை ஒன்றும் கம்புக்கட்டு ஒன்றும் சாய்ந்திருந்தன. அவற்றுக்குப் பின்னால் கூரை முட்டப் பெரிதாக ஏதோ, பச்சைத் தார்ப்பாயால் மூடியிருந்தது. கமலினி தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கினாள்.

"அப்பா, கார்ச் சில்லு மாதிரி ஒண்டு தெரியுது!"

"விடு, பிள்ளை! அடுத்தவையின்ரை சாமானை மூடி வைச்சிருந்தால் மூடினபடி விடவேணும். இரவல் கேட்டு வந்த இடத்திலை இருக்கிறதிலை சின்னதைத்தான் எடுக்கிறது. அதுதான் மரியாதை."

சின்னத் திறப்பு எதையும் திறக்கவில்லை. கமலினி அதை ஒரு நூலில் கோர்த்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். பயணம் முழுவதும் கண்ட பூட்டிலெல்லாம் அதை விட்டுப் பார்ப்பதென்று அவளுக்கு ஒரு திட்டம்.

அவளுக்கு இன்னொரு திட்டமும் இருந்தது, அதுதான் பெரியது. அவள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் விடுமுறை முடிந்த முதல்நாள் ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து நின்று செய்தி சொல்லவேண்டும். போன வருடம் எல்லோரும் கேம்பிங் போன கதை சொன்னார்கள். மீன் பிடித்தது, பாம்பு கண்டது, கூடாரம் காற்றில் போனது. கமலினி எழுந்து, "நாங்கள் பொங்கலுக்கு வீடு கழுவினோம்," என்றாள். வகுப்பு காத்திருந்தது. "பிறகு?" என்று கேட்டான் ஒரு பையன். "பிறகு காய்ந்தது," என்றாள் கமலினி. ஒன்பது வயதில் ஒருவருக்கு அதைவிடப் பெரிய அவமானம் வரமுடியாது.

ஆகவே இந்த வருடம் சிட்னி வரைக்கும் கூடாரத்தில் படுத்துக்கொண்டே போகவேண்டும். செவன் ஹில்ஸில் அம்மாவின் தங்கை யோகா அன்ரி இருக்கிறாள். மூன்று இரவு போதும். அதற்குள் அம்மா "போதும், வீட்டை போவம்" என்று சொல்லாமல் இருக்கவேண்டும்.

முதல் இரவின் சிக்கலை விமலாதேவியே தீர்த்தாள். நூல் சேலை ஒன்றை எடுத்து, திறந்த பக்கத்துக்குக் குறுக்காகக் கட்டினாள். நீலச் சேலை, மாங்காய்க் கரை. பார்ப்பதற்கு வடிவாகத்தான் இருந்தது. முகாம் பொறுப்பாளர் ஒருவர் கூடாரத்தை மூன்று தரம் சுற்றிவந்து தலையைச் சொறிந்தார்.

"பின்னால் எதுவும் வரவில்லையா?"

"இல்லை, நாங்கள் மூன்று பேர்தான்," என்றார் நித்தியானந்தன்.

அவர் போனதும் காற்று வந்தது. சேலை பாய்மரம்போல் புடைத்தது. பின்பக்கத்தில் கம்பே இல்லாத கூரை, களைத்த மாடு படுப்பதுபோல மெல்லப் படுத்தது. படுத்த இடம் சோற்றுப் பானை.

கன்வஸிலிருந்து சோற்றை வழித்துக்கொண்டே விமலாதேவி சொன்னாள்: "இது ஒண்டு."

"என்ன ஒண்டு?" என்றார் நித்தியானந்தன்.

"மூண்டு மட்டும் பாப்பன். மூண்டாவது கூத்து நடந்தால் கார் திரும்பும். ரெண்டு பேரும் கேட்டுக்கொள்ளுங்கோ."

கமலினி கழுத்துத் திறப்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் ஈடன் என்ற ஊர். நித்தியானந்தன் வழி முழுவதும் யோசித்துக்கொண்டே ஓட்டினார். டண்டினொங் தொழிற்சாலையில் அவர் எஞ்சினியர். அவரைக் கேட்காமல் அங்கே ஒரு திருகாணியும் திரும்பாது. அப்படிப்பட்டவர் கூடாரம் கட்டுவதைப் பற்றி இன்னொருவரிடம் வாய் திறந்து கேட்பாரா?

"விமலா, கண்டுபிடிச்சிட்டன்! காரைக் கொண்டுபோய்ப் பின்னுக்கு நிப்பாட்டுறது. கூரையைக் காரின்ரை மேல்கம்பியிலை கட்டுறது. கார்தான் நாலாவது சுவர்!"

உண்மையாகவே கூடாரம் நின்றது. காற்று அடித்தது, அசையவில்லை. கார்க் கதவைத் திறந்தால் உள்ளே ஓர் அறை கிடைத்ததுபோல இருந்தது. விமலாதேவி பின்புறத்து இரும்புக் குமிழில் தண்ணீர் வாளியை மாட்டினாள்.

"இதுக்குத்தான் வைச்சிருக்கிறாங்கள் போலை," என்றாள். இரண்டு நாளில் முதல் சிரிப்பு.

காலையில் பால் முடிந்துவிட்டது. விமலாதேவி பாயில் இருந்து கமலினிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். சீப்பை வாயில் கவ்வியபடியே, "இஞ்சேருங்கோ, சந்தியிலை ஒரு போத்தல் பால் வாங்கிக்கொண்டு வாங்கோ," என்றாள்.

"ஓம், ஓம்," என்றார் நித்தியானந்தன். காரில் ஏறினார். போனார்.

கூடாரமும் போனது.

முதலில் கூரை போனது. பிறகு மூன்று சுவரும் முளைகளைப் பிடுங்கிக்கொண்டு போயின. கடைசியாக, உள்ளே காயப்போட்டிருந்த நித்தியானந்தனின் சாரம் ஒன்று எல்லோருக்கும் கையசைத்துக்கொண்டு போனது. பின்னாலே வாளி தண்ணீர் தெளித்துக்கொண்டே போனது. காலைச் சாப்பாட்டுக்கு இருந்த முகாம் முழுவதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றது.

பாயும் தாயும் மகளும் அப்படியே இருந்தார்கள், திறந்த வெளியில், பின்னல் பாதியில்.

விமலாதேவி வாயிலிருந்த சீப்பை எடுத்தாள். "ரெண்டு," என்றாள். பிறகு மற்றப் பின்னலைத் தொடங்கினாள்.

மூன்றாவது இரவு பேட்மன்ஸ் பே. மழை ஓயட்டும் என்று வழியில் காத்து நின்றதில் வந்து சேரப் பொழுதுபட்டுவிட்டது. கமலினி காரில் இருந்தே எல்லாக் கடவுளையும் வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டு வந்தாள். இன்றைக்கு மட்டும். இன்றைக்கு ஒருநாள் மட்டும்.

"கார் வேண்டாம்," என்றாள் விமலாதேவி.

"கார் இல்லை," என்றார் நித்தியானந்தன். "அங்கை பார். செங்கல் சுவர்! ஓடாது, சாயாது, பால் வாங்கப் போகாது. இதைவிட உறுதியான சுவர் எங்கை கிடைக்கும்?"

முகாமின் நடுவில் நீளமாக ஒரு செங்கல் கட்டடம் இருந்தது. சுவரோடு ஒரு தண்ணீர்க் குழாய் ஓடியது. கூரையை அந்தக் குழாயில் இறுக்கிக் கட்டினார். சுவரில் பச்சை நிறக் கதவு ஒன்று பூட்டியிருந்தது.

"அது என்ன கதவு?" என்றாள் விமலாதேவி.

"சாமான் அறையாக்கும். ஆர் வரப்போகினம்?"

கமலினி சின்னத் திறப்பை அதில் விட்டுப் பார்த்தாள். திறக்கவில்லை.

அன்றிரவு மூன்று பேரும் நன்றாகத் தூங்கினார்கள். விடிந்ததும் விமலாதேவி எழுந்து கேத்திலை அடுப்பில் வைத்தாள். ஆறு மணிக்குப் பச்சைக் கதவில் டக்கென்று ஒரு சத்தம். யாரோ உள்பக்கமிருந்து பூட்டைத் திறந்தார்கள். கதவு விரிந்தது. ஆவி வந்தது. ஆவிக்குப் பின்னால், இடுப்பில் துவாயோடும் வாயில் பற்தூரிகையோடும், பனைமரம் போன்ற ஒரு மனிதர் கூடாரத்துக்குள் வந்து நின்றார்.

அது ஆண்கள் குளிக்கிற இடம். அந்தப் பக்கத்துக் கதவால் உள்ளே போய், இந்தப் பக்கத்துக் கதவால் வெளியே வருவது அங்கே வழக்கம்.

நித்தியானந்தன் போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டார். கமலினி கண்ணை மூடிக்கொண்டு, அந்த 'மூண்டு' விழுவதற்காகக் காத்திருந்தாள்.

விமலாதேவி துவாய் மனிதரைப் பார்த்தாள். கையிலிருந்த கேத்திலைப் பார்த்தாள். வீட்டுக்குள் வந்து நிற்கிற மனிதரை வெறும் வாயோடு அனுப்பி அவளுக்குப் பழக்கமில்லை. பிறந்த நாளிலிருந்து கண்டதும் இல்லை.

"டீ?" என்றாள்.

அந்த மனிதருக்கும் வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. துவாயைச் சரிசெய்துகொண்டு பாயில் இருந்தார்.

அவருக்குப் பின்னால் இன்னொருவர் வந்தார். பிறகு இருவர். இஞ்சி தட்டிப்போட்ட பால் தேத்தண்ணீர்; யோகா அன்ரிக்கென்று தகரம் நிறையச் சுட்டுக் கொண்டுவந்த பயற்றம் பணியாரம். ஏழு மணிக்குள் பதினொரு பேர் துவாயோடு வட்டமாக இருந்தார்கள். கோப்பை போதாமல் சிலர் தங்கள் கோப்பையை எடுத்துவர ஓடினார்கள். ஒருவர் இரண்டாம் தரமும் குளித்துவிட்டு வந்தார்.

"பாவம், ஒழுங்காச் சாப்பிடாததுகள்," என்றாள் விமலாதேவி, தகரத்தின் அடியைத் தட்டிக்கொண்டே. "பிள்ளை, அந்த அங்கிளுக்குச் சீனி காணுமோ எண்டு கேள்."

"அம்மா," என்றாள் கமலினி மெல்ல, "இது மூண்டோ?"

"விசர்க் கதை கதையாதை. வீட்டுக்கு ஆக்கள் வந்திருக்கினம்."

புறப்படும்போது பதினொரு பேரும் சேர்ந்து கூடாரத்தைக் கழற்றி மடித்துக் கொடுத்தார்கள். முதலில் வந்த பனைமரத்தார், திறந்த பக்கத்துக் கூரை ஓரத்தில் உள்ளுக்குத் தைத்திருந்த தடித்த கயிற்றைத் தடவிப் பார்த்தார். புருவம் உயர்ந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். வாய் நிறையப் பணியாரம் இருந்தது. விழுங்கி முடிப்பதற்குள் கார் கிளம்பிவிட்டது.

செவன் ஹில்ஸ் போய்ச் சேர்ந்தபோது யோகா அன்ரிக்கு வெறும் தகரம்தான் கிடைத்தது. ஆனால் அவளிடம் தையல் மெசின் இருந்தது. விமலாதேவி இரண்டு நாள் அதன் முன்னால் இருந்தாள்.

"லெஸ் பாவம், பிஞ்ச கூடாரத்தை எத்தினை வருசமா வைச்சுக்கொண்டு கஷ்டப்பட்டிருக்கும் அந்த மனுசன். இரவல் தந்த கைக்கு நாங்கள் ஏதும் செய்யவேண்டாமோ?"

நீலச் சேலையை மூன்றாக மடித்து, கன்வஸோடு சேர்த்து, இரட்டைத் தையல் போட்டு, அசைக்க முடியாத ஒரு நாலாவது சுவரைத் தைத்து முடித்தாள். உள்ளே உறுத்திய தடித்த கயிற்றை வெட்டி எறிந்தாள். யோகா வீட்டு வாழைக்கு முட்டுக்கொடுத்த இரண்டு கம்பும் கூடவே வந்தன. திரும்பும் வழியில் ஆல்பரியில் கூடாரம் முதன்முதலாக நாலு சுவரோடும் நிமிர்ந்து நின்றது. நித்தியானந்தன் அதைச் சுற்றிச் சுற்றிப் படம் பிடித்தார். கமலினிக்கு வகுப்பில் சொல்ல ஐந்து செய்தி சேர்ந்துவிட்டது. எதை முதலில் சொல்வது என்பதுதான் இப்போது கவலை.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் லெஸ் வேலிக்கு மேலால் தலையை நீட்டினார். முகம் கொஞ்சம் வாடியிருந்தது.

"போய் வந்தீர்களா? நீங்கள் போகவே இல்லை என்றல்லவா நினைத்தேன்."

"போனோம், போனோம்! உங்கள் புண்ணியத்தில்," என்றார் நித்தியானந்தன். புல்லில் கூடாரத்தை விரித்துக் காட்டினார். விமலாதேவி வெட்கத்தோடு சேலைச் சுவரைத் தூக்கிப் பிடித்தாள். மாங்காய்க் கரை வெயிலில் பளபளத்தது.

லெஸ் அந்தச் சுவரை நெடுநேரம் பார்த்தார். தையலை விரலால் இழுத்துப் பார்த்தார். அது வரவில்லை.

கமலினி கழுத்திலிருந்த நூலைக் கழற்றி நீட்டினாள். "லெஸ் அங்கிள், இந்தத் திறப்பு ஒரு பூட்டையும் திறக்கவில்லை."

லெஸ் அதை வாங்கிக் கொட்டகைப் பக்கம் காட்டினார். "பிரமாதமான தையல், மிஸஸ் நித்தி, ஆனால் அந்தப் பக்கத்தைத் திறந்து விட்டிருந்ததே, நான் உங்கள் காரில் பூட்டி இழுத்துப்போகத் தந்த கரவன் வண்டியின் வாசலில், அந்த ஓரத்துக் கயிற்றால் மாட்டுவதற்குத்தான். நாலு கட்டிலும் அடுப்பும் ஐஸ் பெட்டியும் அதற்குள் இந்தத் திறப்புக்காக இன்னும் காத்துக்கொண்டிருக்கின்றன."