இடப்பக்கம் மட்டும் தேய்ந்த விவரம்

ஜெயமங்கலம்,
28.11.2004, ஞாயிறு.

அன்புள்ள மாப்பிள்ளை சண்முகராஜுக்கு,

உன் மச்சான் ஈஸ்வரபாண்டி எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா மகாலட்சுமியும் நலம். நலம் என்று எழுதும்போது என் முழங்கையில் போட்ட இரண்டு தையலையும் அவளுடைய கணுக்கால் வீக்கத்தையும் நான் சேர்க்கவில்லை. அவை கீழே வரும். கோட்டயத்தில் மழை எப்படி, பட்டறை எப்படி, சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்றெல்லாம் கேட்க ஆசைதான். ஆனால் ஆகஸ்டு மாதம் நான் எழுதிய கடிதத்துக்குப் பிறகு அதையெல்லாம் கேட்க எனக்கு முகம் இருக்கிறதா என்று தெரியவில்லை. நீ பதில் போடவில்லை. தீபாவளிக்கும் வரவில்லை. உனக்கென்று எடுத்த சட்டையை உன் அக்கா மடித்து பீரோவில் வைத்தாள்; என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூட அன்றைக்கு நான் நிம்மதியாக இரண்டு முறுக்கு தின்றிருப்பேன்.

மாப்பிள்ளை, பதினெட்டு வருஷம் அடுத்தவர் வண்டியின் பின்னால் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனவனை, பின்னால் ஆள் ஏற்றிப் போகிறவனாக ஆக்கியவன் நீ. போலியோ கால் உள்ளவனுக்குப் பக்கத்தில் சின்னச் சக்கரம் இரண்டு மாட்டினால் போதும் என்று எல்லோரும் சொன்னபோது, நீதான் மூன்று மாதம் உட்கார்ந்து மோட்டார் சைக்கிளின் பின்பாதியை அறுத்து, அச்சு போட்டு, இரண்டு சக்கரம் மாட்டி, சக்கரத்துக்கு ஒன்றாக டிஸ்க் பிரேக்கும் வைத்துக் கொடுத்தாய். அப்பேர்ப்பட்ட உன்னை, 'கோணல் கை' என்று நான் எழுதினேன். ஏன் எழுதினேன் என்ற விவரம் பின்வருமாறு.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. அந்த மாதம் பத்தாம் தேதிவாக்கில், காலைப் பிரார்த்தனைக்கு அறுநூறு பிள்ளைகள் கண்ணை மூடி நிற்கும் நேரத்தில் நான் வளாகத்துக்குள் நுழைந்து பிரேக்கை மிதித்தேன். இரும்பை இரும்பு தின்கிற சத்தம். அறுநூறு பிள்ளைகளும் கண்ணைத் திறந்தார்கள். தலைமையாசிரியை மட்டும் திறக்கவில்லை. அவர் பிரார்த்தனை முடிந்த பிறகு தனியாகக் கூப்பிட்டார். வடுகபட்டி மெக்கானிக் ஒச்சாண்டி சக்கரத்தைக் கழற்றினார். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பேடு இடப்பக்கத்தில் தகடு தெரியத் தேய்ந்திருந்தது. வலப்பக்கத்துப் பேடு அன்றைக்குத்தான் கடையிலிருந்து வந்ததுபோல் இருந்தது. புதுசு போட்டோம். ஐந்து வாரத்தில் மறுபடி இடப்பக்கம் தேய்ந்தது. நான் கணக்கு வாத்தியார் அல்லவா, இயற்பியல் ஆய்வகத்திலிருந்து வெர்னியர் அளவியை எடுத்து வந்து ஞாயிறுதோறும் அளந்து நோட்டில் எழுத ஆரம்பித்தேன். இடது, வாரம் ஒரு மில்லிமீட்டர். வலது, சைபர்.

ஒச்சாண்டி நோட்டைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், அப்புறம் மெதுவாகக் கேட்டார்: “சார், பின்சீட்டுல இடப்பக்கம் யாரு உக்காருறாக?”

உன் அக்காதான். அங்கன்வாடிக்கு அவளை இறக்கிவிட்டுத்தான் நான் பள்ளிக்கூடம் போகிறேன். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். வீட்டுக்கு வந்து, மிகவும் பக்குவமாக, “நாளையிலிருந்து நீ வலப்பக்கமா உக்காந்து பாரேன்” என்றேன். அவள் மாவு பிசைந்த கையோடு நிமிர்ந்தாள்.

“எதுக்கு?”

“சும்மா. பாரம் சமமா இருக்கணும்ல.”

“அந்த ஒச்சாண்டி என்ன சொன்னாக?”

எனக்குப் பொய் வராது என்பது உனக்குத் தெரியும். மறுநாள் முதல் அவள் டவுன் பஸ்ஸில் போனாள். மூன்று வாரம். வண்டியில் நான் தனியாகப் போனேன். பஸ் என்னைத் தாண்டும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கிற அவள் எதிர்ப்பக்கம் வாழைத்தோப்பைப் பார்ப்பாள். மூன்று வாரம் முடிந்து அளந்தேன். இடது மூன்று மில்லிமீட்டர், வலது சைபர். ஆள் இறங்கியும் தேய்மானம் குறையவில்லை என்று அவளிடம் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. “இதை ஒச்சாண்டிகிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க” என்றாள். வாங்கி வந்தேன். அதற்குப் பிறகுதான் ஏறினாள், அதே இடப்பக்கம்.

பிரேக் பிடித்தால் வண்டி இடதுபுறம் இழுப்பதைச் சாலையின் சரிவு என்று வைத்துக்கொண்டேன். சரிவுக்கு யாரையும் திட்ட முடியாது. ஆகவே உன்னைத் திட்டினேன். அச்சு கோணலாக வெல்டு ஆகியிருக்கிறது, வேலை தெரியாதவன் தொடக்கூடாது என்று இரண்டு பக்கம் எழுதித் தபாலில் போட்ட அன்று, எனக்கு நெஞ்சு லேசானதுபோல் இருந்தது. அதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

தீபாவளி முடிந்த திங்கட்கிழமை காலை நல்ல மழை. வராக நதிப் பாலத்துக்கு இந்தப்பக்க இறக்கத்தில் ஒரு எருமை குறுக்கே வந்தது. மிதித்தேன். வண்டி ஒரு சக்கரத்தில் நின்றுகொண்டு மற்றச் சக்கரத்தில் ஓடியது. அப்படியே இடதுபக்கம் சுழன்று, சாலையை விட்டு இறங்கி, வயல் சேற்றில் போய்ச் சாய்ந்தது. எருமை நின்று பார்த்துவிட்டுப் போனது. நான் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம், என் ஊன்றுகோல் வாய்க்காலில். அவளைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. மாப்பிள்ளை, அந்தச் சில நொடிகளை நான் எழுதப் போவதில்லை.

பிறகு அவள் குரல் வந்தது. “இங்கன வாங்க.”

“அடிபட்டுச்சா?”

“வாங்கன்னா வாங்க.”

ஊன்றுகோல் இல்லாமல், கிழிந்த முழங்கையோடு சேற்றில் எப்படிப் போனேன் என்று கேட்காதே. அவள் வீங்கிய கணுக்காலை நீட்டி வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இடப்பக்க டிஸ்க்கில் மழை விழுந்து, சுடுகல்லில் தண்ணீர் தெளித்ததுபோல் சுர்ரென்று ஆவி போய்க்கொண்டிருந்தது. வலப்பக்க டிஸ்க்கில் அவள் உள்ளங்கையை வைத்திருந்தாள்.

“தொட்டுப் பாருங்க. பச்சத்தண்ணி. இது பிரேக்கே பிடிக்கலைங்க. வேலை செய்யுற பக்கத்தையே அஞ்சு மாசமா எல்லாரும் குத்தம் சொல்லிக்கிட்டு இருக்கீக.”

பத்தொன்பது வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்தவன் நான். சைபர் என்று எழுதிய பக்கத்தை ஒரு நாள்கூட சந்தேகப்படவில்லை. தேயாததால் அதை நல்லது என்று நினைத்துவிட்டேன்.

ஒச்சாண்டி வந்து வலப்பக்கத்தைப் பிரித்தார். பிரேக் எண்ணெய் போகிற குழாய், சட்டத்தில் மாட்டியிருந்த ஒரு இரும்புப் பட்டைக்கு அடியில் தட்டையாக நசுங்கியிருந்தது. அந்தப் பட்டை என் ஊன்றுகோலைச் சொருகி வைப்பதற்காக மாட்டியது. “சார், இதை யாரு இறுக்குனது?” என்று கேட்டார். நான் மழையைப் பார்த்தேன்.

நீ கோட்டயத்துக்குக் கிளம்புகிற அன்று அந்தப் பட்டையை லேசாக மாட்டிவிட்டு என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். “மச்சான், அங்கன குழாய் போகுது. இறுக்கிராதீக. அடுத்த தடவை வந்து வேற இடம் பாத்துத் தாரேன்.” ஊன்றுகோல் ஆடுகிறது என்று இரண்டாம் நாளே நான் ஸ்பேனர் வாங்கி முழுப் பலத்தோடு இறுக்கினேன். மறந்துவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மறக்கவில்லை. ஆகஸ்டில் உனக்கு எழுதும்போதுகூட மனசின் ஒரு ஓரத்தில் அது நினைவுக்கு வந்தது. அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டேன். நீ பதில் எழுதியிருந்தால் இந்த ஒரு வரி போதும், நான் வாயடைத்துப் போயிருப்பேன். நீ அதையும் எழுதவில்லை. அதுதான் என்னை மிகவும் வருத்துகிறது.

இப்போது புதுக் குழாய் போட்டு, பட்டையை எடுத்துவிட்டோம். ஊன்றுகோலை உன் அக்கா மடியில் வைத்துக்கொண்டு வருகிறாள். வண்டி நேராக நிற்கிறது. உன் வெல்டில் குற்றமே இல்லை என்று ஒச்சாண்டி பள்ளிக்கூட வாசலிலேயே எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். ஆகவே வண்டிக்காக நீ வேலையை விட்டுவிட்டு வர வேண்டியதில்லை. பொங்கலுக்கு மனம் இருந்தால் வா. இல்லையென்றால், தப்பு என் பேரில்தான், அக்காவுக்காவது இரண்டு வரி போடு.

வேலப்பர் உனக்குக் கை நடுங்காத பலத்தைக் கொடுக்கட்டும், உன் வெல்டிங் பொறி கண்ணில் தெறிக்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன்னிடம் மன்னிப்புக் கேட்கும் மச்சான்,
ஈஸ்வரபாண்டி.

பின்குறிப்பு (4.12.2004, சனி): உறை வாங்க மறந்து கடிதம் ஒரு வாரம் மேசையிலேயே கிடந்தது. இன்று அளந்தேன். இடது 0.2. வலது 0.9. இந்தத் தடவை நான் எந்த நட்டையும் தொடவில்லை என்று சத்தியம் செய்கிறேன். பயந்துகொண்டே உன் அக்காவிடம் சொன்னேன். நான்கு மாதத்தில் அவள் சிரித்து இன்றைக்குத்தான் பார்த்தேன். “அப்ப அவன் வந்துதான ஆகணும்” என்று, அந்தச் சட்டையை வெயிலில் போட எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மேலே வர வேண்டாம் என்று எழுதியிருப்பதை அடித்துவிட்டு வாசித்துக்கொள். சீக்கிரம் வா.