ஓட்டையில்லாத அமெரிக்கா போன்

நேத்து எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. பழைய போன்ல இருக்கிற சிம்மைக் கழட்டி புதுப் போன்ல போடணும்.

அவ்வளவுதான். இதுக்கெல்லாமா ஒரு பதிவுன்னு கேப்பீங்க. காலையில வரைக்கும் நானும் அப்படித்தான் நெனச்சிருந்தேன்.

புதுசா வந்தவங்களுக்காகச் சொல்லிடுறேன். நான் மாட்டு டாக்டர். பெரம்பலூர்ல வூடு. சுத்துப்பட்டு ஊரெல்லாம் மாடு. எந்த மாடு எப்ப எதை முழுங்கும், எப்ப கன்னு போடும்னு யாருக்கும் தெரியாது. அதனால ஸ்டெதஸ்கோப்பை மறந்துட்டுப் போனாலும் போவேன், போனை மறக்க மாட்டேன்.

அந்தப் போனை ஒரு எருமை மிதிச்சிருச்சு. அதுல இருந்து ஸ்பீக்கர்ல போட்டாதான் பேச்சு கேக்கும். ஸ்டெல்லா, அதாவது என் மனைவி, திட்டுனா பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பாக்கும். அவ அரியலூர்ல ஒரு ஸ்கூல்ல டீச்சர். கொரலுக்குக் கேக்கவே வேணாம்.

இந்த நெலமையிலதான் அவ தம்பி ஜெகன் அமெரிக்காவுல இருந்து லீவுக்கு வந்தான். முந்தாநாள் திரும்பிக் கெளம்புறப்ப ஒரு டப்பாவை என் கையில குடுத்தான்.

"மாமா, உங்களுக்குத்தான். அங்கயே வாங்குனது."

அங்கயே வாங்குனது! அந்த வார்த்தைதான் என்னைக் கெடுத்துச்சு.

நேத்து விடிஞ்சதும் டீக்கடைக்குப் போயி, டீ வர்றதுக்கு முன்னாடியே போனை மேசையில வச்சேன். யாரும் ஒண்ணும் கேக்கல. கொஞ்சம் நடுவுல தள்ளி வச்சேன். அப்பவும் கேக்கல. கடைசியில நானே, "அமெரிக்காவுல இருந்து வந்திருக்கு"ன்னேன்.

டீ மாஸ்டர் நிமிராமலே, "யாரு?"ன்னார்.

சரின்னு வூட்டுக்கு வந்து சிம்மை மாத்த உக்காந்தேன். பழசுல இருந்து கழட்டியாச்சு. புதுசுல எங்க போடுறது? வலது பக்கம் இல்ல. எடது பக்கம் இல்ல. மேல இல்ல. கீழ பாத்தா, வரிசையா பொடிப்பொடி ஓட்டை.

ஆங், மாட்டிக்கிச்சு! ஸ்டெல்லாவோட சேஃப்டி பின்னை எடுத்து மொத ஓட்டையில குத்துனேன். ஒண்ணும் வரல. அடுத்ததுல குத்துனேன்.

"ஏங்க, என்னங்க பண்றீங்க?"

"சிம் போடுற எடத்தைத் தொறக்கிறேன்."

"அது ஸ்பீக்கருங்க."

பின்னை அவ கையில குடுத்தேன். சேலையில குத்திக்கிட்டு, ஒரு வார்த்தை பேசாம ஸ்கூலுக்குக் கெளம்பிட்டா. திட்டியிருந்தாக்கூட இவ்வளவு வலிச்சிருக்காது.

ஜெகனைக் கேக்கலாம்னா அவன் வானத்துல பறந்துக்கிட்டிருக்கான். நேரா பஷீர் பாய் செல்போன் கடைக்குப் போனேன்.

"பாய், இதுல சிம்மு எங்க போடுறது?"

பாய் போனைத் திருப்பித் திருப்பிப் பாத்தார். "இதுல எடமே இல்லியே டாக்டர்."

"அடைச்சிட்டாங்களா?"

"வைக்கவே இல்ல. அமெரிக்காவுல விக்கிறதுல சிம் போடுற சந்தே கெடையாது. இதே மாடலு நம்ம ஊருக்கு வரும்ல, அதுல இருக்கும்."

அதாவது, இதே போனை இவர் கடையில வாங்கியிருந்தா சிம் போட எடம் இருந்திருக்கும். அங்கயே வாங்குனதாலதான் இல்ல!

அதுக்குள்ள கடையில கூட்டம் சேந்துருச்சு. ரீசார்ஜ் பண்ண வந்த ஒருத்தர் போனை வாங்கி மோந்து பாத்துட்டு, "டூப்ளிகேட்டு"ன்னு தீர்ப்பு சொல்லிட்டார். இன்னொருத்தர், "ஏர்போர்ட்டுல உருவிக்கிட்டு விட்டிருப்பானுங்க"ன்னார். சிமெண்ட் லாரி ஓட்டுற ஒரு அண்ணன் மட்டும்தான் எனக்கு ஆறுதலா பேசுனார்.

"கவலைய விடுங்க டாக்டரே. நம்ம பட்டறையில குடுத்தா ஒரு ஓட்டை போட்டுத் தந்துருவாங்க."

என் சர்வீஸ்ல எத்தனையோ ஜீவனைச் சோதிச்சிருக்கேன். முன்னாடியோ பின்னாடியோ ஒரு வழி இருக்கும். எந்தப் பக்கமும் வழியில்லாத ஒரு பெறவியை நேத்துதான் பாத்தேன்.

"இ-சிம் போட்டுரலாம் டாக்டர்"ன்னார் பாய். "கண்ணுக்குத் தெரியாது. ஆனா உள்ள இருக்கும்."

நான் வேதக்காரன், சர்ச்சுக்குப் போறவன். கண்ணுக்குத் தெரியாததை நம்புறது எனக்கொண்ணும் புதுசில்ல. "சரி, போடுங்க"ன்னேன்.

"பழைய போன்ல இருந்து ஒரு மெசேஜ் அனுப்பணும். கூப்பிடுவாங்க. ஒண்ணை அழுத்தணும். உங்க மெயிலுக்கு ஒரு க்யூ.ஆர். கட்டம் வரும், அதைப் புதுப் போன்கிட்ட காட்டணும். இன்ஷா அல்லா, ரெண்டே நிமிஷம்."

"இதுக்கு முன்னாடி யாருக்காச்சும் பண்ணியிருக்கீங்களா பாய்?"

"வீடியோல பாத்திருக்கேன்."

சிம்மைத் திரும்பப் பழைய போன்லயே போட்டோம். போட்டதுதான் தாமதம், மணி அடிச்சுது. சிறுவாச்சூர் ராசேந்திரன். கடை முழுக்கக் கேக்குது.

"டாக்டரே, மாடு படுக்குது, எந்திரிக்குது, படுக்குது. தலைச்சன் கன்னு. பயமா இருக்குங்க."

"தண்ணிக்கொடம் ஒடஞ்சிருச்சா?"

"இன்னும் இல்லீங்க."

"அப்ப நேரம் இருக்கு. ஒடஞ்சதும் ஒரு போன் போடுங்க. வந்து நிப்பேன்."

"போனை மட்டும் எடுத்துருங்க டாக்டரே."

"எடுக்காம? இனிமே புதுப் போனு. அமெரிக்காவுது!"

அந்த மாடு கறக்கப் போற பாலை நம்பித்தான் ராசேந்திரன் பொண்ணைக் காலேஜுல சேத்திருக்கார். தலைச்சன்ல கன்னு குறுக்க நின்னுருச்சுன்னா தாயும் போயிரும், கன்னும் போயிரும். அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும், ரெண்டே நிமிஷம்தானேன்னு உக்காந்தேன் பாருங்க!

மெசேஜ் போச்சு. கூப்பிட்டாங்க. ஒரு பொண்ணு இந்தியில என்னமோ சொல்லிச்சு. "ஒண்ணு அழுத்துங்க! ஒண்ணு அழுத்துங்க!"ன்னு கடையே கத்துச்சு. அழுத்திட்டேன். கொஞ்ச நேரத்துல பழைய போன்ல டவர் கோடு பூரா காணாம போச்சு.

"சூப்பர்!"ன்னார் பாய். "பழைய சிம் செத்துருச்சு. இப்ப மெயிலைத் தொறங்க."

பழைய போன்ல மெயில் கெடையாது, அவர் கம்ப்யூட்டர்ல தொறந்தேன். பாஸ்வேர்டு கேட்டுச்சு. ஸ்டெல்லா பேரைப் போட்டேன், தப்புன்னுச்சு. எங்க ஊரு மாதா பேரைப் போட்டேன், அதுவும் தப்பு. "மறந்துட்டீங்களா?"ன்னு அதுவே பாசமா கேட்டுச்சு. ஆமான்னேன்.

உங்க நம்பருக்கு ஓ.டி.பி. அனுப்பியிருக்கோம்னு சொல்லிச்சு.

எந்த நம்பருக்கு? இப்பதான் ஒரு கடையே சேந்து கொன்ன நம்பருக்கு!

நம்பர் வேணும்னா மெயிலைத் தொறக்கணும். மெயிலைத் தொறக்கணும்னா நம்பர் வேணும். பாய் தாடியைத் தடவிக்கிட்டு யோசிச்சார்.

"வீடியோல இது வரல டாக்டர்."

அப்பதான் மாடு ஞாபகம் வந்துச்சு. பாய் போனை வாங்கி ராசேந்திரனுக்கு அடிச்சேன். பிஸி. மறுபடி அடிச்சேன். பிஸி. மனுஷன் அப்படி யாருகிட்டதான் பேசிக்கிட்டிருக்கார்னு கோவம் வந்துச்சு. அப்புறம்தான் ஒறைச்சுது, எனக்குத்தான் அடிச்சுக்கிட்டிருக்கார்.

"கம்பெனி ஷோரூம் பக்கத்துலதான் டாக்டர். ஒரு எட்டு எட்டிப் பாத்துட்டு அப்படியே சிறுவாச்சூர் போயிருங்க"ன்னார் பாய். போற வழிதானே, மத்த மாட்டுக்காரங்களும் கூப்பிடுவாங்களேன்னு வண்டியை அங்க விட்டேன்.

டோக்கன் குடுத்து உக்கார வச்சாங்க. எனக்கு இருப்புக் கொள்ளல. கவுண்டர்ல இருந்த பொண்ணு என்னைப் பாத்து அழகா சிரிச்சுது.

"சார், உங்க நம்பருக்கு ஒரு ஓ.டி.பி. வந்திருக்கும், சொல்லுங்க."

"அம்மா, அந்த நம்பர் செத்துப் போச்சுன்னு சொல்லத்தானே வந்திருக்கேன்!"

"ஓ.டி.பி. சொன்னாதான் சார் செத்துப் போச்சுன்னு போட முடியும்."

"அந்தப் பக்கம் ஒரு மாடு பிரசவ வலியில கெடக்கும்மா."

அந்தப் பொண்ணு என் மொகத்தைப் பாத்துச்சு. பாவமா இருந்திருக்கும்போல. "வேற நம்பர் ஒண்ணு குடுத்திருக்கீங்க சார். ஸ்டெல்லா மேடம். அவங்களுக்கு அனுப்புறேன், கேட்டுச் சொல்லுங்க"ன்னு தன் போனையே நீட்டுச்சு.

அரியலூர்ல இன்டர்வெல் நேரம்போல. எடுத்துட்டா. பழக்க தோசத்துல நான் ஸ்பீக்கரைப் போட்டுட்டேன்.

"ஸ்டெல்லா, உன் போனுக்கு ஓ.டி.பி. வந்திருக்கும், சொல்லு. அவசரம்."

"யாரு பேசுறது?"

"நான்தான்."

"நான்தான்னா?"

"உன் வூட்டுக்காரன்!"

"அவர் நம்பர் இது இல்லியே."

"அது செத்துப் போச்சு. மொபைல் ஆபீஸ்ல இருந்து பேசுறேன்."

"ஓஹோ. மொபைல் ஆபீஸ்ல இருந்து பேசுறீங்க. அவசரம். ஓ.டி.பி. வேணும். அப்படித்தானே? இதைப் பத்தித்தான் பிள்ளைங்களுக்குப் பாடம் எடுத்திருக்கேன். கொரலைக்கூட அச்சு அசலா மாத்திப் பேசுவானுங்கன்னு. வெக்கமா இல்ல உங்களுக்கு?"

பின்னாடி வேற டீச்சருங்க, "பேச்சுக் குடுங்க மிஸ், போலீஸுக்குச் சொல்லிரலாம்"னு சொல்றது கேக்குது. ஷோரூம் முழுக்க என்னையே பாக்குது. செக்யூரிட்டி எந்திரிச்சு நின்னுட்டார்.

"ஸ்டெல்லா, ஆண்டவர் சத்தியமா நான்தான்!"

"அப்படியா? அப்ப நம்ம கல்யாண நாள் என்னைக்கு, சொல்லுங்க பாப்போம்."

மாசம் மட்டும் மங்கலா ஞாபகம் வந்துச்சு. மாட்டை நெனச்சுக்கிட்டு ஒரு தேதியைச் சொன்னேன்.

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு.

"அது ஜெகன் பொறந்த நாளு. நீங்கதாங்க. ஓ.டி.பி. சொல்றேன், எழுதிக்கங்க."

கவுண்டர் பொண்ணு தலையைக் குனிஞ்சுக்கிட்டே, "வெரிஃபிகேஷன் முடிஞ்சுது சார்"னு சொல்லிச்சு. செக்யூரிட்டி திரும்ப உக்காந்தார். அவர் என்னைப் பாத்த பார்வையில மரியாதை இல்ல, ஆனா பாசம் இருந்துச்சு.

கவுண்டர் கம்ப்யூட்டர்லயே கட்டம் வந்துச்சு. காட்டுனோம். "புதுப் போனுக்கு நெட் வேணும் சார், ஒய்-ஃபை போட்டுக்கங்க"ன்னுச்சு அந்தப் பொண்ணு.

"இங்க ஒய்-ஃபை இருக்கா?"

"இல்ல சார்."

நாடு பூரா நெட் விக்கிற கம்பெனி. பின்னாடி வரிசையில நின்ன ஒருத்தர்தான் தன் போன்ல இருந்து கனெக்‌ஷன் குடுத்தார். தொறந்து பாத்தா அதுக்குப் பேரே 'ஓசி கேக்காதே'ன்னு வச்சிருக்கார். அவருக்கே வெக்கமா போச்சு. "பக்கத்து வூட்டுக்காரனுக்கு வச்சது சார்"னார்.

ஒரு வழியா உசுரு வந்துச்சு. வந்ததும் வராததுமா போன் அலறுச்சு. ராசேந்திரன்! பதட்டத்துல எந்தப் பக்கம் தள்ளுறதுன்னு தெரியாம கட் பண்ணிட்டேன். நான் அடிச்சா பிஸி. கையைக் கட்டிக்கிட்டு நின்னேன். மறுபடி வந்துச்சு. செக்யூரிட்டிதான் எடுத்துக் குடுத்தார்.

"ராசேந்திரன், தண்ணிக்கொடம் ஒடஞ்சிருச்சா?"

"அது எப்பவோ ஒடஞ்சிருச்சுங்க."

"ஐயையோ! காலு தெரியுதா? தலை தெரியுதா?"

"எல்லாந் தெரியுதுங்க. நிக்குது."

"எது?"

"கன்னுதாங்க டாக்டரே. பொட்டக் கன்னு. பாலு குடிக்குது."

எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. பக்கத்துல இருந்த நாற்காலியில உக்காந்துட்டேன்.

"யாருங்க இழுத்தா?"

"யாரும் இழுக்கல. வூட்டுல அத்தனை பேரும் வாசல்ல நின்னு உங்களுக்குப் போன் அடிச்சுக்கிட்டிருந்தோம். திரும்பிப் பாத்தா கன்னு நிக்குது. தொந்தரவு பண்ண யாரும் பக்கத்துல இல்லாததே நல்லதாப் போச்சுன்னு எங்கூட்டுக்காரி சொல்லுது."

இருந்தாலும் மனசு கேக்காம சிறுவாச்சூர் போனேன். நஞ்சுக்கொடி விழுந்துருச்சான்னு பாத்தேன். அதுவும் தானா விழுந்திருந்துச்சு. மாடு என்னை ஒரு பார்வை பாத்துட்டு, கன்னை நக்கப் போயிருச்சு.

என் சர்வீஸ்லயே ரொம்ப நல்லபடியா நடந்த பிரசவம், நான் போய்ச் சேராததுதான்.