இறங்காத கட்டில்

கட்டில் இறங்க மாட்டேன் என்றது.

லூயிசா தலைமாட்டுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தன் எடை முழுவதையும் போட்டுத் தொங்கிப் பார்த்தாள். அசையவில்லை. மெத்தையின் மேல்பாதி நிமிர்ந்தே நின்றது. அதில் சாய்ந்தபடி, தூக்க மருந்தின் தயவில், காத்தவராயன் ஒரு தாசில்தாரைப் போல உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

"இன்னா லூயிசாம்மா, கட்டிலோட குஸ்தியா?" என்றாள் வார்டைப் பெருக்கிக்கொண்டிருந்த கிருஷ்ணம்மா.

"பேசாம வந்து ஒரு கை புடி. தொரசாணி வண்டி வர்ற நேரம்."

அது சாதாரணக் கட்டில் இல்லை. கப்பலில் சென்னைக்கு வந்து, ரயிலில் பங்காருபேட்டைக்கு வந்து, அங்கிருந்து இந்தத் தங்கச் சுரங்க ஆஸ்பத்திரிக்கு வந்தது. மெத்தைக்கு அடியில் கயிறோ நாடாவோ கிடையாது. மரச்சட்டங்களை வரிசையாக அடுக்கிய ஒரு தாங்கி, நடுவில் கீல். தலைப்பக்கத்தைத் தூக்கினால் அடியில் இருக்கும் கொக்கி, பல் வெட்டிய இரும்புக் கம்பியில் 'டக்' என்று மாட்டிக்கொள்ளும். இன்னும் தூக்கினால் அடுத்த பல். நெஞ்சில் அடிபட்டவனுக்குப் படுத்தால் மூச்சு முட்டும், சாய்ந்து உட்கார்ந்தால் பிழைப்பான் என்று பெரிய துரையின் மனைவி தன் கைக்காசில் வரவழைத்துக் கொடுத்தது.

சுரங்கத்துக்குள் பாறை சரியாமல் முட்டுக்கொடுக்க மரம் போதவில்லை என்று ஆட்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்த மரம் வரவில்லை. பாறை விழுந்த பிறகு முதுகுக்கு முட்டுக்கொடுக்கிற மரம் மட்டும் இங்கிலாந்திலிருந்து வந்துவிட்டது.

அதைப் பார்வையிடத்தான் துரைசாணி வருகிறாள். காலையிலேயே டாக்டர் துரை தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிவிட்டுப் போனார்: "ஆயா, கட்டில் மேலே போகும், கீழே வரும். நீ காட்டணும். காட்டினா வேலை நிரந்தரம். காட்டாட்டா நாளைக்கு வராதே."

மேலே போவது எப்படி என்று அவர் காட்டிக் கொடுத்தார். கீழே வருவது எப்படி என்று காட்டவில்லை. அவருக்கே தெரியுமா என்று கேட்கிற தைரியம் யாருக்கும் இல்லை.

லூயிசாவுக்கு நாளைக்கு வராமல் இருக்க முடியாது. வேலை போனால் அவளுக்குப் பேத்தமங்களா என்ற ஊர் காத்திருந்தது. அங்கே நாற்பது வயதில் ஒரு மாப்பிள்ளை. பெண்டாட்டி செத்தவர், எருமைகள் சாகாதவர். "வேலை நெலைக்கலைன்னா அந்த எடத்த முடிச்சிடுவேன்" என்று அப்பா டேவிட் ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலிலேயே நான்கு பேர் கேட்கச் சொல்லியிருந்தார். அந்த மனிதருக்கு வேண்டியது பெண்டாட்டி இல்லை, பால் கறக்க ஓர் ஆள். சம்பளம் கேட்காத ஆளைக் கல்யாணம் செய்துதான் பிடிக்க முடியும்.

"கொஞ்சம் மேல தூக்கி, சடார்னு கீழ இழுத்தா வுடும்," என்றாள் கிருஷ்ணம்மா. "எங்க வீட்டுக் கதவு அப்பிடித்தான்."

இருவரும் சேர்ந்து தூக்கினார்கள்.

டக்.

கட்டில் இன்னொரு பல் மேலே ஏறியது. காத்தவராயன் இன்னும் விறைப்பாக உட்கார்ந்தான்.

"உங்க வீட்டுக் கதவுல தீய வெக்க," என்றாள் லூயிசா.

காத்தவராயன் முந்தின ராத்திரி ஷிப்டில் பாறை சரிந்து அடிபட்டவன். நினைவில்லாமல், ஆள் இறக்கும் இரும்புக் கூண்டான கேஜில் மேலே கொண்டுவந்தார்கள். முகமெல்லாம் வீக்கம். இடுப்பில் இருந்த பித்தளை டோக்கனின் நம்பரைப் பார்த்துத்தான் பேரை எழுதிக்கொண்டார்கள். கம்பெனிக்கு டோக்கன்தான் ஆள். தாடையில் ஆழமான வெட்டு. அதற்காக மோவாயிலிருந்து உச்சந்தலைவரை சுற்றி ஒரு கட்டு. ஒரு கால் முறிவு. அது அசையாமலிருக்க இரண்டு கால்களையும் சேர்த்து ஒரு கட்டு. கைகள் நழுவாமல் மடியில் கோத்து வைத்திருந்தாள் லூயிசா. வைத்தியமாகப் பார்த்தால் எல்லாம் சரி.

ஆனால் வட ஆற்காட்டிலிருந்து வந்து கம்பெனியின் லைன் வீடுகளில் குடியேறியவர்களில் பல பேர், செத்தவரை வாய்க்கட்டு போட்டு, கால்கட்டு போட்டு, சாய்த்து உட்கார்த்தி வைத்துத்தான் தூக்கிப் போவார்கள். லூயிசா வேதக்காரி. அவள் வீட்டில் செத்தவர்கள் பெட்டிக்குள் மல்லாந்து படுப்பார்கள். அதனால் அவளுக்கு எதுவும் தோன்றவில்லை, ஜன்னலில் அந்த அலறல் கேட்கும்வரை.

"ஐயோ, உக்கார வெச்சிட்டாங்களே!"

காத்தவராயன் பெண்டாட்டி ரத்தினம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் தலையோடு முகத்தையும் துண்டால் மூடியபடி ஒரு ஆள்.

"சாவலம்மா! தூங்குறாரு!" லூயிசா ஜன்னலுக்கு ஓடினாள்.

"எல்லா ஆஸ்பத்திரியிலயும் மொதல்ல அப்பிடித்தான் சொல்லுவாங்க," என்றான் துண்டுக்காரன். "நான் காத்தவராயனுக்கு அண்ணன். எங்க கிட்ட மறைக்காத, ஆயாம்மா."

"உள்ள வந்து தொட்டுப் பாரும்மா. ஒடம்பு சுடுது."

ரத்தினம்மா உள்ளே வந்தாள். கட்டிலிலிருந்து எட்டி நின்றாள். துண்டுக்காரனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டினான்.

"செத்தவங்கள தொடக் கூடாது," என்று அவள் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

"உன் புருஷன் தானே?"

அதற்கு அழுகைதான் பெரிதானது.

சத்தம் கேட்டு அக்கம்பக்கத்து நோயாளிகள் எழுந்து உட்கார்ந்தார்கள். வராந்தாவில் கூட்டம் சேர்ந்தது. முதலில் பார்வையை மறைக்க வேண்டும் என்று நினைத்த லூயிசா ஒரு வெள்ளைத் துப்பட்டியை எடுத்துக் காத்தவராயன் மேல் போட்டாள். அவசரத்தில் அது முகத்துக்கும் மேலே போய் விழுந்தது.

வராந்தாவே ஒரே குரலில் ஓலமிட்டது.

"எடுங்க லூயிசாம்மா, எடுங்க!" என்று பதறினாள் கிருஷ்ணம்மா. "கோடித்துணி போட்டாப்ல கீது!"

லூயிசா துணியைப் பிடுங்கி எறிந்தாள். இனி ஒரே வழி: இவன் எதையாவது விழுங்குவதை இந்த ஜனங்கள் கண்ணால் பார்க்க வேண்டும். டம்ளரில் பால் இருந்தது. கரண்டியால் ஒரு வாய் கொடுத்தாள். மருந்து மயக்கத்தில் இருந்தவன் விழுங்கவில்லை. பால் கடைவாய் வழியாக ஒழுகிக் கட்டை நனைத்தது.

"பால் ஊத்திட்டாங்கடி!" என்றது வராந்தாவில் ஒரு கிழக்குரல். "பாலு வெளிய வந்துடிச்சி. எல்லாம் முடிஞ்சி போச்சி."

துண்டுக்காரன் நேரத்தை வீணாக்கவில்லை. "ஷிப்டு வுடறதுக்குள்ள எடுத்துடணும்," என்று சொல்லிவிட்டு வெளியே ஓடியவன், ராபர்ட்சன்பேட்டை சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த மேளக்காரர்களை வழியிலேயே மடக்கிக் கூட்டிக்கொண்டு வந்தான். அவர்களுக்கு யார் செத்தது என்று தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை. வராந்தாவில் உட்கார்ந்து தீயில் காய்ச்சி விறைப்பேற்றாத மேளத்தையே அடிக்கத் தொடங்கினார்கள்.

"கூட வேலை செஞ்சவங்க வந்து மொகம் பாக்க வேணாமா?" என்று கேட்டாள் கிருஷ்ணம்மா.

"வேணாம். தாங்க மாட்டாங்க," என்றான் அவன்.

வார்டு வாசலில் ஒரு தட்டில் பெரிய ரோஜா மாலை இருந்தது. துரைசாணியின் கழுத்துக்காக வாங்கி, லூயிசாவின் பொறுப்பில் விட்டது. லூயிசா மேளக்காரர்களோடு சண்டை போட்டுவிட்டுத் திரும்பினாள். மாலை காத்தவராயனின் கழுத்தில் இருந்தது.

"யார்யா போட்டது?"

"நாந்தான்," என்றான் துண்டுக்காரன். "தயாரா வெச்சிருந்தீங்களே. நல்ல ஆஸ்பத்திரி."

லூயிசா மாலையைக் கழற்றப் போனாள். அந்த நேரம் பார்த்து வாசலில் குதிரை வண்டி வந்து நின்றது.

கட்டில் நிமிர்ந்தே நிற்கிறது. கட்டிலில் இருப்பவன் மாலையோடு உட்கார்ந்திருக்கிறான். வராந்தாவில் சாவு மேளம். எருமைகளின் சாணி நாற்றம் இங்கேயே வந்துவிட்டது போல இருந்தது.

டாக்டர் துரை வெள்ளைத் தொப்பியோடு முன்னால் வந்தார். பின்னால் துரைசாணி, குடையும் கையுறையுமாக. மேளத்தைக் கேட்டு அவள் ஏதோ கேட்டாள். டாக்டர் ஒரு நொடி விழித்தார். பிறகு இங்கிலீஷில் சொன்ன பதிலில் லூயிசாவுக்கு ஒரு வார்த்தைதான் புரிந்தது: 'வெல்கம்'. துரைசாணி மகிழ்ந்து மேளக்காரர்களைப் பார்த்துக் கையசைத்தாள். யாருமே சாவு மேளத்துக்குக் கையசைத்துப் பார்த்திராத அவர்கள் இன்னும் பலமாக அடித்தார்கள்.

டாக்டர் கட்டிலருகே வந்தார். மாலையைப் பார்த்தார். லூயிசாவைப் பார்த்தார். சிரித்த முகத்தோடு, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "ஆயா, கீழே."

"தொரை, இது வந்து..."

"கீழே."

லூயிசா சட்டத்தைப் பிடித்தாள். இழுத்தாள். காலால் மிதித்தாள். கட்டில் இம்மியும் நகரவில்லை. துரைசாணியின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. டாக்டர் தன் சங்கிலிக் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். அது நேரம் பார்க்கிற பார்வை இல்லை.

"தள்ளும்மா," என்று துண்டுக்காரன் உள்ளே புகுந்தான். கூடவே மேளக்காரர்களில் இரண்டு பேர். "வெள்ளக்காரங்க பாத்துகினு நிக்கட்டும். நாங்க தூக்குறோம். ஷிப்டு வுட்டுடும்."

"தொடாதே! உயிரோட இருக்கற மனுஷன்யா!"

"நீ சின்னப் பொண்ணு. ஒனக்குத் தெரியாது."

இந்த வார்த்தையை லூயிசா அப்பாவிடம் கேட்டிருக்கிறாள், போதகரிடம் கேட்டிருக்கிறாள், டாக்டரிடம் கேட்டிருக்கிறாள். தன் கையிலேயே நாடி துடித்துக்கொண்டிருந்த ஒருவனைப் பற்றிக்கூட இவனிடம் கேட்க வேண்டியிருந்தது.

மூன்று பேரும் முதுகுப்பக்கம் கைகொடுத்துத் தூக்கினார்கள். அவர்கள் பிடித்தது ஆளை இல்லை, மெத்தைக்கு அடியிலிருந்த மரச்சட்டத்தை.

டக். டக்.

கடைசிப் பல்லும் தாண்டியது. கொக்கிக்கு மேலே மாட்ட இடம் இல்லாமல் அது வெளிப்பக்கமாகச் சாய்ந்தது. உச்சிவரை தூக்கினால்தான் கீழே இறங்கும். அந்தக் கட்டிலின் சூட்சுமமே அவ்வளவுதான்.

தாங்கி தடாலென்று தட்டையாக விழுந்தது.

பிணம், "ஐயோ அம்மா, என் காலு!" என்று கத்தியது.

மேளம் நின்றது. அடுத்த கணம் வராந்தாவில் மேளம் மட்டும்தான் இருந்தது, அடித்தவர்கள் இல்லை. உள்ளே வந்த இரண்டு பேரில் ஒருவன் ஜன்னல் வழியாகப் போக முயன்று கம்பியில் மாட்டிக்கொண்டு, வாசல் இருப்பது ஞாபகம் வந்து ஓடினான். துண்டுக்காரனும் வெளியே பாய்ந்தான். ஆனால் தூரம் போகவில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்று, துண்டை இன்னும் இறுக்கிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தான்.

துரைசாணி கைதட்டினாள். மேலே போனது, கீழே வந்தது, படுத்திருந்தவன் பேசவும் செய்தான். இதைவிட ஒரு கட்டில் என்ன செய்துவிட முடியும்? மாலை தனக்கு வராததைக்கூட அவள் கவனிக்கவில்லை. டாக்டரின் கையைக் குலுக்கிவிட்டு வண்டி ஏறினாள்.

டாக்டர் திரும்பி வந்தார். "ஆயா, நல்லது. வேலை நிரந்தரம்."

லூயிசா தரையில் கிடந்த துப்பட்டியை எடுத்து மடித்தாள். பேத்தமங்களா எருமைகளை யார் வேண்டுமானாலும் கறக்கட்டும். இன்று ராத்திரி அப்பாவிடம் சொல்லும்போது உட்கார்ந்துகொண்டே சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தாள்.

"காத்தவராயன் பேசுறானா, பார்," என்றார் டாக்டர். "பெண்டாட்டி பேர், வீட்டு நம்பர் கேள். மண்டை சரியா தெரியணும்."

லூயிசா மெதுவாகத் தாடைக்கட்டைத் தளர்த்தினாள். ரத்தினம்மா இன்னும் அதே இடத்தில் நின்றாள். செத்த புருஷன் பிழைத்து வந்தால் பெண்கள் சிரிப்பார்கள், அழுவார்கள், மயங்கி விழுவார்கள். இவள் ஜன்னலைப் பார்த்தபடி வெளிறிப்போய் நின்றாள்.

"கிட்ட வாம்மா," என்றாள் லூயிசா. "இன்னும் இன்னா பயம்? காத்தவராயா, கண்ணத் தொறந்து பாருப்பா. இது யாரு, சொல்லு."

கட்டிலில் இருந்தவன் வீங்கிய கண்ணைத் திறந்து ரத்தினம்மாவைப் பார்த்தான். பிறகு ஜன்னலைப் பார்த்தான்.

"நான் காத்தவராயன் இல்லக்கா, காத்தவராயண்ணன்தான் அதோ துண்டு போத்திகினு நிக்கிறாரே, அவரு சம்சாரம் இது, அவருக்கு ஒடம்பு சரியில்லன்னு நேத்து அவரு டோக்கன்ல என்னை எறக்கினாரு, கம்பெனிக்குத் தெரிஞ்சா அவரு வேலை போயிடும், என் பேரு இன்பராஜ், எனக்கு இன்னும் கல்யாணமே ஆவல."