துக்கம் கேட்க வந்த வேன்

“மாமனார் காரியத்துக்குத்தான் வர முடியலீங்க. துக்கம் கேக்காம ஆளை வேலைக்குக் கூப்பிட்டா நல்லாருக்காதுங்க கண்ணையா. காந்திபுரம் தாண்டிட்டோம். அரை மணி நேரத்துல உங்க ஊட்டுல இருப்போம். துக்கம் கேட்டுப்போட்டு, அப்படியே உங்களையும் வேன்ல கூட்டிட்டுப் போயிடறோமுங்க.”

மேனேஜர் ஞானாபரணம் போனை வைத்துவிட்டார். கண்ணையாவுக்குத்தான் போனைக் காதிலிருந்து எடுக்கத் தோன்றவில்லை. எதிரே, காலஞ்சென்ற அவனுடைய மாமனார் திருமலைசாமி நாலாவது இட்லிக்குச் சட்னி போட்டுக்கொண்டிருந்தார்.

வர்க்கலாப் பக்கம் ஒரு கடற்கரை ரிசார்ட்டில் கண்ணையாவுக்கு வருடத்தில் ஆறு மாத வேலை. மணலில் குடை நடுவது, சாய்வு நாற்காலிகளை வரிசையாகப் போடுவது, துண்டுகளை அன்னப்பறவையாக மடித்து வைப்பது. மீதி ஆறு மாதம் சரவணம்பட்டியில் மாமனார் வீட்டில் வாசம். போன பிப்ரவரியில் மகள் ஷ்ரவ்யாவின் பள்ளியில் ஆண்டு விழா வந்தது. சீசன் நடுவில் சாவுக்கு மட்டும்தான் லீவு என்பது ஞானாபரணத்தின் சட்டம். வேறு வழியில்லாமல் கண்ணையா மாமனாரைக் கொன்றுவிட்டு, ஊருக்கு வந்து மகளின் நடனத்தைப் பார்த்தான்.

பொய்யாகக் காய்ச்சல் என்று சொன்ன ஒரு ஆளை ஞானாபரணம் அன்று மாலையே மூட்டை கட்டி அனுப்பியது நினைவுக்கு வந்தது. இந்த வேலையும் போனால், குடை நடத் தெரிந்த ஆளுக்குக் கடலே இல்லாத கோயம்புத்தூரில் யார் வேலை கொடுப்பார்கள்?

சமையலறைக்கு ஓடினான். விஷயத்தைக் கேட்ட பிரத்யுஷா கரண்டியைக் கீழே வைத்தாள்.

“ஏனுங்க, எங்கப்பாவையா கொன்னுபோட்டீங்க?”

“நாலே நாளைக்குத்தான் அம்மணி.”

“உங்கப்பாவைச் சொல்லியிருக்கலாமில்ல?”

“அவரை அதுக்கு முந்தின வருஷமே சொல்லிப்போட்டேன்.”

மாமியார் வெங்கடலட்சுமி நெற்றி நிறையப் பொட்டோடு மருதமலைக்குப் போயிருந்தது ஒன்றுதான் அன்றைய நல்ல காலம்.

முதலில் மாமனாரை வெளியே அனுப்பிப் பார்த்தான். “மாமா, காந்திபுரம் போயி எனக்கொரு பெல்ட் வாங்கிட்டு வந்துடறீங்களா?”

“அதுக்கென்னங்க மாப்ளே, வாங்கிடலாமுங்க” என்றவர், கையைக் கழுவிக்கொண்டு வந்து பேப்பரை விரித்து உட்கார்ந்துவிட்டார்.

திருமலைசாமி யாரிடமும் முடியாது என்று சொல்லிக் கண்ணையா கேட்டதே இல்லை. தினமும் குளித்துவிட்டு, மருமகன் அன்னமாக மடித்து வைத்த துண்டைக் கழுத்தைத் திருகிப் பிரிக்கும்போதும், “நல்லாருக்குங்க மாப்ளே” என்பார். விடிவதற்குள் வீட்டு நாற்காலிகள் அத்தனையையும் அவன் கேட்டைப் பார்த்து வரிசையாகப் போட்டு வைப்பதற்கும் அதே பதில்தான். அப்படிப்பட்ட மனிதரை எதைச் சொல்லி எழுப்புவது?

தெருமுனையில் வேன் ஹார்ன் கேட்டது. கண்ணையா மாமனார் முன்னால் வந்து நின்று உண்மையைச் சொல்லிவிட்டான்.

“மாமா, மன்னிச்சுக்குங்க. எங்க ரிசார்ட்டுல நீங்க செத்துப்போயிட்டீங்க.”

“அப்படீங்களா?” திருமலைசாமி பேப்பரைத் திருப்பினார். “எப்பங்க?”

“பிப்ரவரியிலங்க. இப்ப நீங்க உங்க தம்பி. துக்க ஊடுங்க இது. வர்றவங்களை வாங்கன்னு சொல்லிடாதீங்க. காப்பி வேணுமான்னு கேட்டுடாதீங்க. போறப்ப வாசல் வரைக்கும் வராதீங்க.”

“ஆகட்டுங்க. வாயே தொறக்கறதில்லீங்க.”

வேன் வந்து நின்றது. ஞானாபரணம் முறைப்படி யாரையும் பார்த்துச் சிரிக்காமல், தலையைக் குனிந்தபடி உள்ளே வந்தார். பின்னால் டிரைவர் கருப்புசாமி, துணி சுற்றிய பெரிய சட்டம் ஒன்றைத் தூக்கி வந்தான்.

“வாங்க வாங்க! உக்காருங்க! வெயில்ல வந்திருக்கீங்க, காப்பிங்களா, மோருங்களா?” என்றார் திருமலைசாமி.

கண்ணையாவுக்கு உயிரே போயிற்று. “சின்ன மாமனாருங்க சார். துக்கத்துல என்ன பேசறதுன்னே தெரியறதில்லீங்க அவருக்கு.”

ஞானாபரணம் உட்கார்ந்தார். “அண்ணன் எப்படீங்க போனாரு?”

“மாப்ளே சொல்லித்தானுங்க எனக்கே தெரியும்.”

சமையலறையில் ஒரு டம்ளர் விழுந்து உருண்டது.

“நெஞ்சு வலிங்க சார்!” என்று குறுக்கே விழுந்தான் கண்ணையா.

“நெஞ்சுல ஒண்ணுமில்லீங்களே. சக்கரைதான் கொஞ்சம்” என்றார் மாமனார்.

அதற்குள் கருப்புசாமி துணியைப் பிரித்தான். சந்தன மாலை போட்ட பெரிய போட்டோ. படத்தில் இருந்தவரும் நாற்காலியில் இருந்தவரும் ஒரே கட்டம் போட்ட சட்டையில் இருந்தார்கள்.

“ரெட்டைப் பொறவிங்க” என்றான் கண்ணையா. குரல் அவனுக்கே கேட்கவில்லை.

“சட்டையுங்களா?”

“ஜோடியா எடுத்ததுங்க சார்.”

திருமலைசாமி போட்டோவை வாங்கி, எட்டப் பிடித்துப் பார்த்தார். “நல்லாருக்குங்க” என்றார்.

ஞானாபரணம் கண்ணை மூடி ஒரு நிமிடம் ஜெபித்தார். எழுந்து, சொல்லிக்கொள்ளாமல் வெளியே நடந்தார். திருமலைசாமி விடவில்லை. கண்ணையாவின் பெட்டியைத் தானே தூக்கி வந்து வேனில் ஏற்றிவிட்டு, கேட்டில் நின்று கையை ஆட்டினார்.

“போயிட்டு வாங்க! பாத்துப் போங்க! ஊட்டைப் பத்திக் கவலைப்படாதீங்க மாப்ளே, மெதுவாவே வாங்க!”

வாளையார் தாண்டியும் ஞானாபரணம் ஒரு வார்த்தை பேசவில்லை. நாலு வசவு வைதிருந்தால்கூடக் கண்ணையாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். டீக்கடையில் வண்டி நின்று, அவர் முகம் கழுவப் போன இடைவெளியில் டிரைவரைப் பிடித்துக்கொண்டான்.

“கருப்புசாமி, உண்மையைச் சொல்லுங்க. என்னை வேலைக்குத்தான் கூட்டிட்டுப் போறாரா? இல்ல, அங்க எல்லாரு முன்னாடியும் நிறுத்தித் தொரத்தி உடவா?”

“வேலைக்குத்தானுங்கண்ணா. ஆனா சீசன் தொறக்க இன்னும் இருவது நாள் கெடக்குது.”

“பின்னே எதுக்குங்க இப்பவே?”

கருப்புசாமி டீயை ஊதிக் குடித்தான்.

“அன்னமும் நாற்காலியும் தாங்க முடியலைன்னு வாரா வாரம் சாருக்குப் போன் பண்ணிட்டு இருந்த உங்க மாமனாருதானுங்கண்ணா, தான் செத்த கதையைச் சார் சொல்லிக் கேட்டதும் அந்தப் போட்டோவையும் அவரே அனுப்பி, ‘நான் செத்தது செத்ததாவே இருக்கட்டுமுங்க, துக்கம் கேக்கற சாக்குல வந்து மாப்பிள்ளையச் சீக்கிரம் கூட்டிட்டுப் போயிருங்க’ன்னாரு.”